மோரிப்பில் மூன்று நாள்

"அப்பா, இதுக்குள்ள எது அடங்குதோ அதை மட்டும்தான் எடுத்துக்கணும்" என்று சொல்லிவிட்டு, என் மகள் ஒரு பழைய முதுகுப்பையை நாற்காலியில் வைத்தாள். பள்ளிப் பிள்ளைகள் சுமப்பதைவிடக் கொஞ்சம் பெரிது. அந்தப் பையோடு அவள் செராத்திங், பெர்ஹெந்தியான் தீவு, தாய்லாந்து என்று சுற்றி வந்திருக்கிறாள்.

எனக்கு 62 வயது. ரயில்வேயில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வெளியூரில் தங்குவதற்கு எனக்குத் தெரிந்த காரணங்கள் மூன்றுதான்: கல்யாணம், கருமாதி, கோயில் திருவிழா. காசு கொடுத்து ஓர் இடத்தில் போய்ச் சும்மா இருப்பது எங்கள் குடும்பத்தில் யாரும் செய்யாத காரியம்.

பிரிக்பீல்ட்ஸில் குடியிருப்பதால் முதுகுப்பை ஆட்கள் எனக்குப் புதியவர்கள் அல்லர். 2001-இல் கேஎல் சென்ட்ரல் நிலையம் திறந்த பிறகு எங்கள் பக்கத்தில் மலிவு விடுதிகள் பெருகின. முதுகில் ஒரு மூட்டை, நெஞ்சில் ஒரு மூட்டை என்று வெள்ளைக்காரப் பிள்ளைகள் வெயிலில் நடந்து வருவார்கள். வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து கையால் சாப்பிடப் பழகுவார்கள். 'இதுகளுக்கு வேலை வெட்டி இல்லையா?' என்று நானே நண்பர்களிடம் கேட்டிருக்கிறேன்.

கடந்த ஆண்டு இதயத்தில் அடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். "இனி ஓய்வா இருங்க" என்றார் மருத்துவர். ஆனால் எப்படி ஓய்வாக இருப்பது என்று அவர் சொல்லித் தரவில்லை. வீட்டில் இருந்தால் ஒழுகாத குழாயையும் கழற்றி மாட்டுகிறவன் நான். மனைவி காலமாகி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. வீட்டில் நானும் மகளும் மட்டும்.

அவளுக்கு மெல்பர்னில் வேலை கிடைத்திருந்தது. கடிதம் வந்து மூன்று வாரமாகியும் பதில் போடவில்லை. "யோசிச்சிட்டு இருக்கேன்பா" என்பாள். அவளுடைய யோசனை நான்தான் என்று எனக்குத் தெரியும். அவளும் பேச்சை எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. அந்த நேரத்தில்தான், "மூணு நாள் கடற்கரைக்குப் போவோம். எங்க போகணும்னு நீங்களே சொல்லுங்க" என்றாள்.

லங்காவி என்று சொல்வேன் என எதிர்பார்த்திருப்பாள். நான் மோரிப் என்றேன்.

"மோரிப்பா? அங்க சேறுதானேப்பா இருக்கு!"

லாரியில் போன கடல்

கோல லங்காட், கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பிறந்தவர்களுக்குக் கடல் என்றால் மோரிப்தான். நான் பிறந்தது பந்திங் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டம். ஆண்டுக்கு ஒரு முறை, தீபாவளி கழிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, தோட்டத்து லாரியில் எல்லாரும் மோரிப்புக்குப் போவோம். அண்டாவில் புளிச்சோறு, வாளியில் அவித்த முட்டை, பழைய பாய்கள். பெண்கள் சவுக்கு மர நிழலை விட்டு நகர மாட்டார்கள். பிள்ளைகள் முழங்கால் தண்ணீரில் ஆடுவோம்.

அப்பா மட்டும் உட்காரவே மாட்டார். லாரியில் ஏறியவர்களை எண்ணி அழைத்துப் போய், எண்ணித் திரும்பக் கொண்டுவரும் பொறுப்பு அவருடையது. சட்டையைக்கூடக் கழற்றாமல் கரையோரம் நடந்தபடி தலைகளை எண்ணிக்கொண்டே இருப்பார். அவர் கடலைப் பார்த்ததாக எனக்கு நினைவில்லை. மறுநாள் விடியுமுன் பெரட்டுக்கு நிற்க வேண்டுமே என்ற கவலை வேறு. சூரியன் கடலில் இறங்குவதை நாங்கள் ஒரு முறைகூடப் பார்த்ததில்லை. அதற்கு முன்பே லாரி கிளம்பிவிடும்.

அப்பா 57 வயதில் போய்விட்டார். பால் வாளியை இறக்கி வைத்துவிட்டு ஒரு நாள் படுத்தவர், எழுந்திருக்கவில்லை.

ரயில், பேருந்து, கார்

காரில் போனால் கோலாலம்பூரிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் மோரிப். ஆனால் பையைச் சுமந்து பொதுப் போக்குவரத்தில்தான் போக வேண்டும் என்பது மகளின் சட்டம். கேஎல் சென்ட்ரலில் போர்ட் கிள்ளான் கோமுட்டர் ரயில் ஏறினோம். இத்தனை ஆண்டு ரயிலோடு வாழ்ந்தவன், சன்னலோரம் பயணியாக உட்கார்ந்து வெளியே பார்த்தது அன்றுதான்.

கிள்ளானில் இறங்கி தெங்கு கிளானா சாலைக்கு நடந்தோம். பூமாலை, பலகாரம், சேலைக் கடை எல்லாம் நம்மூர் வாசனை. தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் பந்திங் பேருந்தில் ஏறினோம். தெலுக் பங்ளிமா காராங், ஜெஞ்சாரோம் என்று பெயர்கள் ஒவ்வொன்றாக வந்தன. நான் பிறந்த தோட்டம் இருந்த இடத்தை மகளுக்குக் காட்ட நினைத்தேன். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது தெரியும். இப்போது செம்பனையும் போய் வரிசை வரிசையாக வீடுகள். எந்தத் திருப்பம் என்று சொல்வதற்குள் பேருந்து தாண்டிவிட்டது.

பந்திங்கிலிருந்து மோரிப் ஏறக்குறைய 15 கிலோமீட்டர். அடுத்த பேருந்துக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் கிராப் காரைக் கூப்பிட்டோம். "சட்டப்படி இது தோல்வி" என்றாள் மகள்.

நாங்கள் தங்கியது மலாய்க்கார அம்மா ஒருவர் வாடகைக்கு விடும் சின்னப் பலகை வீடு. இரண்டு அறை, ஒரு மின்விசிறி, வாசலில் ஊஞ்சல் துணி. தொலைக்காட்சி இல்லை. போனதும் நான் வாசல் கதவின் கீலைத் தட்டிப் பார்த்தேன், அது கிரீச்சிட்டது. "எண்ணெய் இருக்கிறதா?" என்று மலாயில் கேட்டேன். அந்த மாக்சிக் சிரித்துவிட்டு, "ரேஹாட் டூலு, அண்ணே" என்றார். 'முதலில் ஓய்வெடுங்கள்' என்று பொருள். மருத்துவர் சொன்னதேதான், ஆனால் இவர் சொன்னபோது உட்கார்ந்துவிட்டேன்.

காணாமல் போன கடல்

மாலை நான்கு மணிக்குக் கரைக்குப் போனால் கடலைக் காணோம்! கண்ணுக்கெட்டிய தூரம் சாம்பல் நிறச் சேறு. தண்ணீர் ஒரு கோடாகத் தொலைவில் மினுங்கியது.

மலாக்கா நீரிணையின் இந்தப் பகுதியில் ஆறுகள் வண்டலைக் கொண்டுவந்து கொட்டுகின்றன. கரையும் மிகச் சாய்வில்லாத தட்டை. போர்ட் கிள்ளான் பக்கம் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல்மட்டம் ஏறுவதற்கும் இறங்குவதற்கும் உள்ள வித்தியாசம் 4 மீட்டருக்கும் மேல். அதனால் தண்ணீர் இறங்கினால் வெகுதூரம் போய்விடும். சுமார் ஆறு மணி நேரத்தில் திரும்பி வரும். ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிடம் தாமதமாக வரும். சின்ன வயதில் இதெல்லாம் தெரியாது. லாரி போய்ச் சேர்ந்தபோது தண்ணீர் இருந்தால் அதிர்ஷ்டம், இல்லாவிட்டால் சேற்றில் ஆட்டம்.

இந்தச் சேறு வரலாற்றிலும் இடம்பெற்றிருக்கிறது. 1945 செப்டம்பர் 9-ஆம் தேதி பிரிட்டிஷ் படைகள் மலாயாவை மீட்க 'ஆப்பரேஷன் சிப்பர்' என்ற பெயரில் இறங்கிய கரைகளில் மோரிப்பும் ஒன்று. இறங்கியது 25-ஆவது இந்திய டிவிஷன். ஜப்பான் ஆகஸ்டு மாதமே சரணடைவதாக அறிவித்துவிட்டதால் எதிர்ப்பு இல்லை. எதிரியாக வந்தது இந்தச் சேறுதான். கரையில் இறக்கிய வாகனங்கள் பல புதைந்து நின்றன. ஜப்பானியர் சுட்டிருந்தால் என்ன கதி ஆகியிருக்கும் என்று வரலாற்றாசிரியர்கள் இன்றும் பேசுகிறார்கள். சயாம் மரண ரயில்பாதைக்கு நம் தோட்டத்து ஆட்களை ஏற்றிப் போய், திரும்பாதவர்களுக்காக வீடுகள் காத்திருந்த காலம் அது.

மகளிடம் இதைச் சொன்னேன். "சேறுதானேன்னு சொன்னதுக்குப் பாடமே எடுத்துட்டீங்க" என்றாள். சேற்றுமீன்கள் துடுப்பை ஊன்றித் தத்தித் தத்திப் போவதைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். ஏழு மணிக்கு மேல் சூரியன் சுமத்ரா பக்கம் இறங்கியது. ஈரச் சேறு முழுவதும் செம்பாக மாறியது. என் 62 வயதில் மோரிப்பில் பார்த்த முதல் அந்தி. கிளம்பச் சொல்ல லாரி இல்லை.

தனியாக ஒரு பகல்

இரண்டாம் நாள் மகள் கேரித் தீவுக்குப் போகக் கிளம்பினாள். மா மெரி பழங்குடியினர் சதுப்புநில மரத்தில் முகமூடி செதுக்கும் கிராமம் அங்கே இருக்கிறது. "நீங்களும் வாங்க" என்றாள். அவள் கேட்ட விதத்திலேயே, என்னைத் தனியாக விடப் பயப்படுகிறாள் என்று புரிந்தது. "நீ போயிட்டு வா கண்ணு. நான் இங்கேயே இருக்கேன்" என்றேன். மாத்திரை டப்பாவை எடுத்து மேசையில் வைத்தாள். கைப்பேசி சார்ஜ் ஆகியிருக்கிறதா என்று பார்த்தாள். வாசல் வரை போய்த் திரும்பி வந்து மறுபடியும் பார்த்தாள்.

அவள் போனதும் முதல் ஒரு மணி நேரம் கொடுமை. எதையாவது செய்யக் கை துறுதுறுத்தது. பத்து மணிக்குக் கடல் ஏறத் தொடங்கியது. அலை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. தரையில் ஊற்றிய தண்ணீர் பரவுவதுபோல் வந்தது. ஊஞ்சல் துணியில் படுத்தபடி அதையே பார்த்தேன். எப்போது தூங்கினேன் என்று தெரியவில்லை. பகலில் தூங்குவது எங்கள் வீட்டில் நோயாளியின் வேலை.

விழித்தபோது ஏனோ 1941 நினைவுக்கு வந்தது. அந்த ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் பெரிய வேலைநிறுத்தம் செய்தார்கள். கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் தலைவர் ஆர்.எச். நாதன் முன்னின்றார். சீனத் தொழிலாளிக்குச் சமமான சம்பளம் மட்டும் அவர்கள் கேட்கவில்லை. 10, 12 மணி நேர வேலை ஒழிய வேண்டும், கள்ளுக்கடையை மூட வேண்டும், உறவினரும் நண்பரும் தடையின்றித் தோட்டத்துக்குள் வந்துபோக வேண்டும், துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கும் வழக்கம் போக வேண்டும் என்றும் கேட்டார்கள். நாதன் நாடு கடத்தப்பட்டார். படை வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். "உங்க தாத்தாவுக்குச் சைக்கிளே கிடையாது, இறங்குறதுக்கு!" என்று அப்பா சிரித்துக்கொண்டே சொல்வார்.

வந்துபோகும் உரிமைக்கும் கொஞ்ச நேர ஓய்வுக்கும் உயிரைக் கொடுத்தவர்களின் வட்டாரத்தில், அதே கரையில், அவர்களின் பேரன் வயதுக்காரன் ஊஞ்சலில் கிடக்கிறேன். எனக்கு அது சோம்பேறித்தனமாகத் தோன்றவில்லை.

மத்தியானம் கடைக்கு நடந்து போய், எண்ணெய் குறைவாகச் சுட்ட மீனும் சோறும் வாங்கிச் சாப்பிட்டேன். மாத்திரை போட்டுக்கொண்டேன். மாக்சிக் கொடுத்த எண்ணெயைக் கீலுக்கும் விட்டேன். அந்த ஒன்றை மட்டும் என்னால் விட முடியவில்லை.

கடிதத்துக்குப் பதில்

அன்று இரவு சவுக்கு மரத்தடியில் உட்கார்ந்து சூடாகப் பீசாங் கோரெங் தின்றோம். கேரித் தீவில் பார்த்ததையெல்லாம் சொல்லிவிட்டு, "தனியா என்னப்பா செஞ்சீங்க?" என்று கேட்டாள்.

"தூங்கினேன். சாப்பிட்டேன். மாத்திரை போட்டேன். கடல் வந்துச்சு, பார்த்தேன். போச்சு, பார்த்தேன்."

"பயமா இல்லையா?"

"உனக்குத்தான் பயம். நீயும் உங்க தாத்தா மாதிரி ஆயிட்ட. கடலைப் பார்க்காம தலையை எண்ணிக்கிட்டு இருக்க. இங்க ஒரு தலைதான். அது பத்திரமா இருக்கும். நீ அந்தக் கடிதத்துக்குப் பதில் போடு."

அவள் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "வாரத்துக்கு மூணு தடவை பேசணும்" என்றாள். "ரெண்டு தடவை" என்றேன். பேரம் மூன்றிலேயே முடிந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டது அவள் மட்டும் அல்ல.

போக நினைக்கும் வாசகர்களுக்கு

சனி, ஞாயிறு, பள்ளி விடுமுறை நாட்களில் மோரிப்பில் கூட்டம் அதிகம். வார நாட்களே அமைதி. புறப்படும் முன் போர்ட் கிள்ளான் கடல்மட்ட அட்டவணையைப் பாருங்கள். தண்ணீர் இறங்கியிருக்கும்போது சேற்றில் வெகுதூரம் நடந்துவிடாதீர்கள். கால் புதையும், கடல் திரும்பும் வேகம் தெரியாது. நீலக்கடலும் வெள்ளை மணலும் வேண்டுமென்றால் கிழக்குக் கரைக்குத்தான் போக வேண்டும். பக்கத்தில் ஜுக்ரா குன்றும் பழைய சிலாங்கூர் அரண்மனையும் இருக்கின்றன. இரண்டு செட் துணி, ஒரு போர்வை, தொப்பி, மாத்திரை போதும். முக்கியமாக, வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்களைச் சமையலுக்கும் பிள்ளை பார்த்துக்கொள்ளவும் அழைத்துப் போகாதீர்கள். ஊஞ்சலில் படுக்க விடுங்கள்.

மூன்றாம் நாள் மாக்சிக் என்னிடம் கதவைத் திறந்து மூடிக் காட்டினார். சத்தமே இல்லை. "மறுபடி எப்ப வருவீங்க, அண்ணே?" என்று மலாயில் கேட்டார்.

மகள் விமானம் ஏறி இப்போது ஐந்து வாரமாகிறது. அந்தப் பழைய முதுகுப்பையை என்னிடமே விட்டுப் போயிருக்கிறாள். அடுத்த செவ்வாய்க்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு மோரிப்பில் கடல் ஏறும் என்று அட்டவணை சொல்கிறது. காலை ரயிலில் போனால் நேரம் சரியாக இருக்கும்.