பிள்ளையின் தலையில் வைக்கும் பிளேட் அசல்தானா?

பேரப்பிள்ளைக்கு அன்று ஏழாம் நாள். முடி களைவதற்கு ஒஸ்தா வந்து பாயில் உட்கார்ந்துவிட்டார். வாப்பும்மா அலுமாரியிலிருந்து புதுப் பிளேட் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். ஒஸ்தா கடதாசியைப் பிரித்து, பிளேட்டை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். பின்பு அதைத் திரும்பவும் கடதாசிக்குள் வைத்துவிட்டார்.

“ராத்தா, இத புள்ளட தலையில வெக்க ஏலா. வேற ஒண்டு எடுங்க” என்றார்.

பெட்டியில் இருந்தது எல்லோருக்கும் பழக்கமான பெயர். நடைபாதைக் கடையில் பாதி விலைக்குக் கிடைக்கிறதே என்று சந்தோஷமாக வாங்கி வைத்தது. பெட்டியில் இருந்த பெயர் பிரபலமானது. உள்ளே இருந்த பிளேட்டோ போலி.

சகோதரிகளே! பிளேட் என்றால் அது ஆண்களின் சாமான் என்று நினைக்கிறோம். ஆனால் மாதச் சாமான் பட்டியலில் அதை எழுதுவது பெரும்பாலும் நாம்தான். நகம் வெட்டுதல், மீசை கத்தரித்தல் ஆகியவற்றோடு மறைவிட முடி களைவதையும் நபி (ஸல்) அவர்கள் இயற்கை மரபுகளில் சேர்த்துச் சொல்லியிருக்கிறார்கள். இவற்றை நாற்பது நாட்களுக்கு மேல் விட்டுவைக்கலாகாது என்பதும் ஹதீஸில் வந்துள்ளது. ஆகவே ஆண்களைப் போலவே பெண்களுக்கும் பிளேட் தேவைப்படுகிறது. தையல் பிரிப்பதும் அதனால்தான். எல்லாவற்றுக்கும் மேலாக, பிறந்த பிள்ளையின் பிஞ்சுத் தலையில் வைப்பதும் அதைத்தான்.

அசலில் என்ன இருக்கிறது?

இரு பக்கமும் கூருள்ள இந்தப் பிளேட்டை அமெரிக்காவைச் சேர்ந்த கிங் கேம்ப் ஜில்லெட் 1903இல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். அந்த வருடம் விற்பனையானவை 51 ரேஸர்களும் 168 பிளேட்டுகளும் மட்டுமே. 1904இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. மெல்லிய உருக்குத் தகட்டைக் கடினமாக்கிக் கூராக்குவதே அன்று பெரிய கஷ்டமாக இருந்தது. அதற்கு வழி கண்டவர் வில்லியம் நிக்கர்சன் என்ற பொறியியலாளர்.

இன்றும் கஷ்டம் அங்கேதான் இருக்கிறது. பிளேட்டின் கனம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான். கறள் பிடிக்காதிருக்கும் ஸ்டெயின்லஸ் பிளேட்டுக்குச் சுமார் 13 வீதம் குரோமியம் கலந்த உருக்கு வேண்டும். அதைச் சூடாக்கி, குளிரவைத்துக் கடினமாக்கி, படிப்படியாகத் தீட்ட வேண்டும். கடைசியில் விளிம்பில் டெஃப்லோன் வகைப் பூச்சு ஒன்றைப் பூசுவார்கள். ஒட்டாத தாச்சியில் இருப்பதும் அந்த வகைப் பூச்சுத்தான். அது இல்லாவிட்டால் கூரான பிளேட்டும் முடியைப் பிடித்து இழுக்கும்.

போலி செய்பவன் பெட்டியை அழகாக அச்சடித்துவிடுவான். ஆனால் இந்த வேலைகளுக்குச் செலவழிக்கமாட்டான். அவனுடைய இலாபமே அதில்தான் இருக்கிறது.

கடையில் கவனிக்க வேண்டியவை

முதலில் விலை. பாமஸியிலும் பெரிய கடைகளிலும் விற்கும் விலையில் பாதிக்கு ஒரு பொருள் கிடைத்தால், ஏன் என்று கேட்க வேண்டும். அடுத்தது பெயர். ஓர் எழுத்தை மாற்றியோ கூட்டியோ, நிறத்தையும் படத்தையும் அப்படியே வைத்து ஏமாற்றுவார்கள். எழுத்துக்கூட்டிப் படியுங்கள். அச்சு மங்கலாக இருக்கிறதா, நிறம் கரைந்திருக்கிறதா, பெட்டியின் மேலுறை பிரிந்து ஒட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். தயாரித்த நாடு, தொகுதி இலக்கம், இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி ஆகியன இருக்க வேண்டும். பில் கேட்டு வாங்குங்கள்.

நம்பிக்கையான கடையில் வாங்கிய பிளேட்டின் பெட்டியையும் கடதாசியையும் மாதிரிக்காக வைத்துக்கொண்டால், அடுத்த முறை வாங்கியதை அதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

பிளேட்டைக் குறுகிய ஓரங்களில் பிடித்து வெளிச்சத்தில் சாயுங்கள். நல்ல கூர் ஒளியைத் திருப்பியனுப்பாது. மழுங்கிய இடமும் பல் விழுந்த இடமும் புள்ளி புள்ளியாக மினுங்கும். ஒஸ்தா கண்டது இதைத்தான். விரலால் தடவிப் பார்க்க வேண்டாம்.

பிறகு ரேஸரில் பூட்டி, நேராகப் பாருங்கள். இரு பக்கமும் ஒரே அளவாக வெளியே தெரிய வேண்டும். நடுத் துளை கோணலாக வெட்டப்பட்டிருந்தால் ஒரு பக்கம் கூடுதலாக நீட்டிக்கொண்டு நிற்கும். அந்தப் பக்கம் தோலை வெட்டும். ஸ்டெயின்லஸ் என்று எழுதிய பிளேட் ஈரத்தோடு ஓர் இரவு கிடந்ததும் கறள் பிடித்தால் சந்தேகப்படுங்கள்.

நம்பி ஏமாறும் சோதனைகள்

காந்தத்தில் ஒட்டினால் போலி என்பார்கள். அது தவறு. கூராக்கக்கூடிய ஸ்டெயின்லஸ் உருக்கும் காந்தத்தில் ஒட்டும். கறள் பிடித்தால் போலி என்பதும் எப்போதும் சரியல்ல. கார்பன் உருக்கில் செய்த அசல் பிளேட்டுகளும் உண்டு, அவை கறள் பிடிக்கும். சில பிளேட்டுகள் கடதாசியில் சிறு மெழுகுப் பொட்டால் ஒட்டப்பட்டிருக்கும். எல்லாக் கம்பெனிகளும் அப்படிச் செய்வதில்லை. கோட்டுக் குறியீட்டின் முதல் இலக்கங்கள் கம்பெனி எங்கே பதிவு செய்தது என்பதைத்தான் சொல்லும். அதையும் பிரதி செய்யலாம். ஆகவே ஒரே அடையாளத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்லாமல், இரண்டு மூன்றைச் சேர்த்துப் பாருங்கள்.

காயம் சிறிது, ஆபத்து பெரிது

மழுங்கிய பிளேட்டை அழுத்தித்தான் இழுக்க வேண்டும். அதனால் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் உண்டாகி, தோல் எரிந்து, கிருமி புகுகிறது. ஒருவர் பாவித்த பிளேட்டை மற்றவர் பாவிப்பது இன்னும் ஆபத்தானது. ஈரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸ் உடலுக்கு வெளியே ஏழு நாட்களாவது உயிரோடிருக்கக் கூடியது. கணவன் மனைவியானாலும் பிளேட் வேறு வேறாக இருக்கட்டும். சலூனுக்குப் போகும் மகனிடம், கண் முன்னே புதுக் கடதாசி பிரிப்பதைப் பார்க்கச் சொல்லுங்கள். உம்ராவுக்குப் போகும் கணவரிடமும் இதையே சொல்லியனுப்புங்கள்.

பாவித்த பிளேட்டை மூடியில் கீறல் இட்ட ஒரு தகரப் பேணியில் சேருங்கள். குப்பை அள்ளுபவரின் கையும் ஒரு கைதான். வெற்றுப் பெட்டிகளைக் கிழித்துப் போடுங்கள். மோசடிக்காரன் கையில் அவை அகப்பட வேண்டாம்.

விற்பவரும் வாங்குபவரும்

மதீனாச் சந்தையில் தானியக் குவியலுக்குள் கை விட்ட நபி (ஸல்) அவர்கள் அடியில் ஈரம் இருப்பதைக் கண்டு, மோசடி செய்பவர் தம்மைச் சார்ந்தவரல்லர் என்று எச்சரித்தார்கள். மேலே காய்ந்த தானியம், கீழே ஈரம்; மேலே பழக்கமான பெயர், உள்ளே வெறும் தகரம். இரண்டும் ஒன்றுதான். போலி என்று தெரிந்து விற்கும் நம் சகோதர வியாபாரிகள் இதைச் சிந்திக்க வேண்டும். ஏமாற்றப்பட்டால் சும்மா இருந்துவிடாதீர்கள். பெட்டியோடும் பில்லோடும் கடைக்குச் செல்லுங்கள். பயனில்லையென்றால் 1977 என்ற இலக்கத்தில் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறையிடுங்கள்.

அன்று அந்த வீட்டில் பாமஸிக்கு ஆளனுப்பி வேறு பிளேட் வாங்கிவர அரை மணி நேரமானது. விருந்தாளிகள் தேநீர் குடித்துக் காத்திருந்தார்கள். ஒஸ்தா புதியதை வெளிச்சத்தில் பார்த்து, பிஸ்மி சொல்லித் தொடங்கினார். பிள்ளை உம்மம்மாவின் மடியில் தூக்கம் கலையாமலே முடி களையப்பட்டது. அல்ஹம்துலில்லாஹ்.

நம் பிள்ளைகளையும், நம் வியாபாரத்தையும் அல்லாஹ் மோசடியிலிருந்து பாதுகாப்பானாக!