வில்லடிச்சான் பாட்டும் பெரிம்பாவும்: கலப்பு மொழிப் பாடல்களை மொழிபெயர்ப்பதில் எழும் சிக்கல்கள்

முன்னுரை

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவிலுக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் இடையே அமைந்துள்ள ஊர் உதியன்குளங்கரை. பாறசாலையைக் கடந்தால் களியக்காவிளை. அங்குத் தமிழ்நாடு தொடங்குகிறது. இவ்வெல்லையின் இருபுறமும் வழங்கிவரும் கதைப்பாடல் வடிவம் ஒன்று, மேற்கே வில்லடிச்சான் பாட்டு எனவும் கிழக்கே வில்லுப்பாட்டு எனவும் பெயர் பெற்றுள்ளது. அதன் மொழி தமிழா, மலையாளமா என்னும் வினாவிற்கு ஒரு சொல்லில் விடை கூற இயலாது.

இத்தகைய கலப்பு மொழிப் பாடல்களை வேறொரு மொழிக்குப் பெயர்ப்போர், மூலத்தின் கலப்பினைப் பிழையெனக் கொண்டு திருத்திவிடுகின்றனர். இத்திருத்தத்தால் இழக்கப்படுவது யாது என்பதை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது. ஒப்பீட்டிற்குப் பிரேசில் நாட்டு ஆப்பிரிக்க வழியினரின் இசைமரபு எடுத்துக்கொள்ளப்படுகிறது. அங்கும் வில்லே தலைமைக் கருவி. அங்கும் பாட்டின் மொழி கலப்பு மொழி. எனினும் இவ்விரு மரபுகளுக்கும் வரலாற்று உறவு உண்டு என்று நிறுவுவது இக்கட்டுரையின் நோக்கமன்று.

1. எல்லையும் பாட்டு மொழியும்

1956 நவம்பர் 1-ஆம் நாள் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்துடன் இணைக்கப்பட்டுக் கன்னியாகுமரி மாவட்டமாயின. திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரசு கோரிய வட்டங்களுள் ஒன்றாகிய நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. நிலம் பிரிந்தபோது பாட்டும் இரண்டு இலக்கிய வரலாறுகளுக்குள் பங்கிடப்பட்டது. மலையாள இலக்கிய வரலாற்றில் இப்பாடல்கள் 'தெக்கன் பாட்டுகள்' எனப்படுகின்றன. தமிழில் இவை நாட்டுப்புறக் கதைப்பாடல்கள் என வகைப்படுத்தப்படுகின்றன. இரவிக்குட்டிப் பிள்ளைப் போர், உலகுடைய பெருமாள் கதை, நீலி கதை முதலியன இரு பட்டியல்களிலும் இடம்பெறுகின்றன. நெய்யாற்றின்கரை வட்டத்தைச் சேர்ந்த காஞ்ஞிரங்குளம் கொச்சுகிருஷ்ணன் நாடார் இப்பாடல்களைத் தொகுத்தவர்களுள் ஒருவர். தமிழ்ப் பகுதியில் நா. வானமாமலை, அ. கா. பெருமாள் ஆகியோரின் பதிப்பும் ஆய்வும் குறிப்பிடத்தக்கன.

பாட்டின் மொழிநிலையை விளக்க, 'வில்லடிச்சான் பாட்டு' என்னும் பெயரே போதிய சான்றாகும். இப்பெயரில் 'அடித்தான்' என்பது 'அடிச்சான்' என வருகிறது. தகரம் சகரமாக அண்ணவினமாதலைக் கேரளபாணினியம் 'தவர்க்கோபமர்தம்' என்று பெயரிட்டு, மலையாளத்தைத் தமிழினின்று வேறுபடுத்தும் ஆறு நியமங்களுள் ஒன்றாகக் கூறும். ஆனால் இம்மாற்றம் தமிழ்ப் பேச்சுவழக்கிலும் பரவலாக உண்டு. 'அடிச்சான்' என்பதன் இறுதியில் நிற்கும் '-ஆன்' ஆண்பால் விகுதி. மலையாள வினைமுற்று இவ்விகுதியை இழந்தது. பாடினான், பாடினாள், பாடினார் என்னும் மூன்றிற்கும் அம்மொழியில் 'பாடி' என்னும் ஒரே வடிவம் போதும். இதனை அந்நூல் 'புருஷபேதநிராசம்' என்கிறது. 'வில்லை அடித்தவன்' என்று பொருள்படும் வினையாலணையும் பெயராக நிற்கும் இச்சொல்லில் அவ்விகுதி இன்றளவும் மலையாளத்தில் வாழ்கிறது.

ஆக, இப்பெயரைத் தூய தமிழாக்க விரும்புவோர் 'வில்லடித்தான்' என்று திருத்த வேண்டும். இக்கால மலையாளமாக்க விரும்புவோர் 'வில்லடிச்சவன்' என்று திருத்த வேண்டும். இரண்டு திருத்தமும் இலக்கணப்படி சரி. ஆயினும் இரண்டும் அவ்வெல்லை மக்கள் வழங்கிய சொல் அல்ல. வானொலியும் மேடையும் பரப்பிய 'வில்லிசை' என்னும் பெயர் ஒலிக்கு அழகானது. ஆனால் அதில் கருவி நிற்கிறது, அடித்தவன் மறைந்துவிடுகிறான்.

2. கடல் வழி வந்த சொற்கள்

பிரேசில் இவ்வெல்லைக்கு அத்தனை அயலானதன்று. இப்பகுதியின் அன்றாட உணவாகிய மரச்சீனி தென் அமெரிக்கப் பயிர். முந்திரி மரத்தைக் குறிக்கும் 'கசுமாவு' என்னும் மலையாளச் சொல்லின் முற்பகுதி, பிரேசிலின் துப்பி மொழியிலிருந்து போர்த்துக்கேயம் எடுத்துக்கொண்ட 'கஜு' என்பதே. 'அன்னாசி'யும் அவ்வழியே வந்தது. போர்த்துக்கேயரின் கப்பல்கள் பிரேசில், ஆப்பிரிக்கா, மலபார், இலங்கை ஆகிய கரைகளை ஒரே வலையில் இணைத்தன.

அவ்வலையில் பயிர்கள் மட்டுமின்றி அடிமைப்பட்ட மனிதர்களும் கொண்டுசெல்லப்பட்டனர். ஏறத்தாழ 48 இலட்சம் ஆப்பிரிக்கர் பிரேசிலில் இறக்கப்பட்டனர் என்று கணிக்கப்படுகிறது. அங்கு அடிமைமுறை 1888-இல்தான் ஒழிந்தது. இந்தியப் பெருங்கடற் கரைகளுக்கும் ஆப்பிரிக்கர் பல வழிகளில் வந்தனர். கொச்சிக் கோட்டைப் பகுதியில், போர்த்துக்கேயரால் கொல்லப்பட்ட ஆப்பிரிக்க அடிமையின் ஆவி எனக் கருதப்படும் காப்பிரி முத்தப்பனுக்கு இன்றும் வழிபாடு நிகழ்கிறது. இலங்கையில் புத்தளத்தை அடுத்த சிரம்பையடியில் வாழும் ஆப்பிரிக்க வழியினர், அன்றாடப் பேச்சிலிருந்து மறைந்துவிட்ட போர்த்துக்கேயக் கிரியோல் மொழியைத் தம் 'மஞ்ஞா' பாடல்களில் காத்துள்ளனர். குசராத்தின் சித்தி மக்கள் தம் ஆடலைக் 'கோமா' என்கின்றனர்; அது முழவையும் ஆடலையும் ஒருங்கே குறிக்கும் 'ங்கோமா' என்னும் பந்து மொழிச்சொல். பேச்சுமொழி மறைந்த பின்னும் பாட்டு மொழி வாழ்கிறது என்பதற்கு இவை சான்றுகள். அப்பாட்டைத் திருத்துவோர் எஞ்சியுள்ள ஒரே சான்றையும் அழிக்கின்றனர்.

3. வில்லின் பெயர்கள்

பிரேசிலின் கப்போயிரா, போரும் ஆடலும் பாட்டும் இணைந்த கலை. 1890-ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டம் அதனைக் குற்றமாக்கியது. 1930-களில் மேஸ்திரே பிம்பா சல்வடோர் நகரில் அதனைப் பயிற்றுக்கலையாக்கினார். 2014-இல் கப்போயிரா வட்டம் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அதன் தலைமைக் கருவி பெரிம்பாவ்: வளைத்த கழி, எஃகுக் கம்பி, அடியில் கட்டிய சுரைக்குடுக்கை. ஒரு கையில் கம்பியை அடிக்கும் குச்சியும் கிலுகிலுப்பையும் இருக்கும்; மறுகை நாணயத்தையோ கல்லையோ கம்பியில் அழுத்திச் சுரத்தை மாற்றும்.

நம் வில்லோ தரையில் குடத்தின்மேல் சாய்த்து வைக்கப்படுவது. மணிகள் தொங்கும் அவ்வில்லின் நாணைப் புலவர் வீசுகோலால் அடிப்பார். குடமும் உடுக்கையும் தாளமும் துணை நிற்கும். ஒன்றில் வில் சுரம் தருகிறது. மற்றொன்றில் தாளத்தையும் மணியொலியையும் தருகிறது. ஆகவே பெரிம்பாவைத் தமிழில் 'வில்லுப்பாட்டு வில்' என்றோ, வில்லுப்பாட்டினைப் போர்த்துக்கேயத்தில் 'தமிழ்ப் பெரிம்பாவ்' என்றோ விளக்குவது வாசகரைத் தவறான வழியில் செலுத்தும். வடிவத்தில் பெரிம்பாவுக்கு உறவு தேடுவோர் காணவேண்டியது குசராத்துச் சித்தியரின் 'மலுங்கா'வை. அதுவும் சுரைக்குடுக்கை கட்டிய ஆப்பிரிக்க வில்.

இங்கு மற்றோர் எச்சரிக்கையும் தேவைப்படுகிறது. பிரேசிலில் 'மலுங்கோ' என்னும் பந்து வழிச் சொல், ஒரே அடிமைக்கப்பலில் உடன் வந்தவரைக் குறித்தது. மலுங்கா, மலுங்கோ என்னும் இவ்விரண்டின் ஒலியொப்புமை கவர்ச்சியானது. ஆனால் ஒலியொப்புமை மட்டும் சொற்பிறப்பிற்குச் சான்றாகாது. 'பெரிம்பாவ்' என்னும் பெயரே இதற்குப் பாடமாக அமைகிறது. ஐபீரிய வழக்கில் அது பல்லிடைக் கவ்வி மீட்டும் மோர்சிங் போன்ற கருவியின் பெயர். பிரேசிலின் வில், 19-ஆம் நூற்றாண்டில் 'உருகுங்கோ' முதலிய ஆப்பிரிக்கப் பெயர்களாலும் சுட்டப்பட்டது. பிற்காலத்தில் பிறிதொரு கருவியின் பெயர் அதன்மேல் நிலைத்தது. பெயரைக் கொண்டு கருவியையும் கருவியைக் கொண்டு பெயரையும் அறிந்துவிடலாம் எனக் கருதும் மொழிபெயர்ப்பாளர் இரண்டிலும் தவறுவார்.

4. இயைபு விகுதியும் 'பிழை' என்னும் கருத்தும்

பிரேசில் மக்கள் வழக்குப் போர்த்துக்கேயத்தில் பன்மை விகுதி பெரும்பாலும் பெயருக்கு முன்வரும் சுட்டுச்சொல்லில் மட்டும் நிற்கும். பெயரும் வினையும் ஒருமை வடிவிலேயே வரும். கப்போயிராப் பாடல்களிலும் சம்பாப் பாடல்களிலும் இவ்வழக்கினைக் காணலாம். இதற்கு ஆப்பிரிக்க மொழியினர் போர்த்துக்கேயத்தைக் கற்ற சூழலே காரணம் என்று கிரெகரி கை 1981-இல் வாதிட்டார். ஐரோப்பியப் போர்த்துக்கேயத்திலேயே இருந்த போக்கு வளர்ந்ததன் விளைவே இது என்று அந்தோணி நாரோவும் மார்த்தா ஷெர்ரேயும் மறுத்தனர். விவாதம் எவ்வாறு முடியினும் ஒன்று தெளிவு: இவ்வழக்கு ஒழுங்குடையது, கல்லாமையின் அடையாளமன்று.

எல்லைப் பாடல்களில் விகுதியுள்ள வினையும் விகுதியற்ற வினையும் கலந்து வருவதையும் இவ்வாறே நோக்க வேண்டும். விகுதி இழப்பிற்குரிய காரணங்கள் இரு நாடுகளிலும் வேறு. ஆயினும் பதிப்பாசிரியரின் மனநிலை ஒன்றே. விகுதியற்ற வினையைக் கண்ட தமிழ்ப் பதிப்பாசிரியர் அதனை ஏடெழுதியோர் பிழை என்பார். விகுதியுள்ள வினையைக் கண்ட மலையாளப் பதிப்பாசிரியர் அதனைத் தமிழ்க் கலப்பு என்பார். இரு பதிப்புகளையும் படிக்கும் எல்லைப்புற மாணவர், தம் பாட்டனார் பாடியது எந்த மொழியிலும் சரியானதன்று என்ற முடிவிற்கே வருவார். இவ்விழப்பு மொழியியல் தரவின் இழப்பினும் பெரிது.

5. அகராதி காட்டாத பொருள்

தமிழ் அகராதிகளில் 'வாதை' என்பது துன்பம், வேதனை. தென் குமரி வழக்கில் அது வன்முறையால் இறந்து வழிபாடு பெறும் தெய்வங்களையும் குறிக்கும். மலையாளத்தில் இதே வடசொல் 'பாத' என்று வந்து ஆவேசத்தைச் சுட்டும். இப்பாடல்களை விரிவாக ஆராய்ந்த ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் தம் 1988-ஆம் ஆண்டு நூலில், கொடைவிழாவில் பாடப்படும் கதைகளில் அநியாயச் சாவு தெய்வமாதலுக்கு அடிப்படையாதலைக் காட்டியுள்ளார். 'வாதை'யை வேதனை என்று மட்டும் பெயர்த்தால் தெய்வம் போய்விடும். தெய்வம் என்று மட்டும் பெயர்த்தால் அத்தெய்வம் பட்ட வேதனை போய்விடும்.

பிரேசிலின் 'மண்டிங்கா' இதற்கு நல்ல இணை. மேற்கு ஆப்பிரிக்க மாந்திங்கா மக்களின் பெயராகத் தோன்றிய இச்சொல், பிரேசிலில் மாந்திரீகம் என்று பொருள்பட்டு, கப்போயிராவில் ஆடுவோரின் சூழ்ச்சித் திறத்தையும் குறிக்கலாயிற்று. 'அருவாண்டா' என்பது அடிமைக்கப்பல்கள் புறப்பட்ட அங்கோலாத் துறைமுகமாகிய லுவாண்டாவின் பெயர். பாடல்களில் அது முன்னோர் உறையும் நிலமாகவும் விடுதலையின் இடமாகவும் உயர்ந்துள்ளது. லுவாண்டா என்று பெயர்த்தால் நிலப்படமாகும். சுவர்க்கம் என்று பெயர்த்தால் வரலாறு அழியும். இவ்வகைச் சொற்களை ஒலிபெயர்த்து நிறுத்தி, முதல் வரவில் ஒரு தொடரால் விளக்குவதே தக்கது.

'காப்பிரி' போன்ற சொற்களில் வேறொரு கவனமும் வேண்டும். அரபு மொழியின் 'காஃபிர்' போர்த்துக்கேயம் வழி வந்த இச்சொல், தெய்வப் பெயராகவும் பாட்டுப் பெயராகவும் நிலைத்துவிட்ட இடங்களில் மாற்றத்தக்கதன்று. ஆனால் வாழும் மனிதரைச் சுட்ட மொழிபெயர்ப்பாளர் அதனைத் தாமாகக் கையாளுதல் தகாது.

6. மொழிபெயர்ப்பாளர் மேற்கொள்ளத்தக்கவை

மேற்கூறியவற்றிலிருந்து சில நெறிகளை வகுக்கலாம்.

அ) பாட்டின் மொழியை எழுத்துப்பெயர்ப்பில் உள்ளவாறே தருதல் வேண்டும். திருத்திய வடிவம் தேவையெனில் அது தனியே நிற்கட்டும்.

ஆ) கலப்பினை இலக்கு மொழியிலும் உணர்த்த வேண்டும். கப்போயிராப் பாடலைத் தமிழாக்குவோர் செந்தமிழ் ஒன்றையே நாடாமல், கிளைமொழி வடிவங்களையும் பயன்கொள்ளலாம். ஆனால் பிரேசிலின் கருப்பின மக்களைத் தமிழகத்தின் ஏதேனும் ஒரு சாதியினரின் பேச்சில் பேசவைப்பது பொருந்தாது.

இ) பாடுவோர் எண்ணிக்கையைக் காட்ட வேண்டும். வில்லுப்பாட்டில் புலவர் கூறுவதைத் துணைப்பாடகர் வாங்கிப் பாடுவதும் 'ஆமாம்' என்று ஏற்பதும், கப்போயிராவில் தலைவர் பாடக் குழுவினர் மறுமொழி பாடுவதும் பாட்டின் உறுப்புகளேயன்றி மிகையல்ல. மறுமொழியை நீக்கிய பெயர்ப்பு, கூட்டுப் பாடலைத் தனிநபர் கவிதையாக்கிவிடும்.

ஈ) கருவிப் பெயர்களை இயன்றவரை மூலவடிவிலேயே நிறுத்தி, அக்கருவி அவையில் ஆற்றும் பணியை விளக்க வேண்டும். கப்போயிராவின் மூன்று வில்களுள் 'குங்கா' என்னும் தாழ்குரல் வில்லே ஆட்டத்தைத் தொடங்கிவைக்கும், நிறுத்தியும் வைக்கும். இச்செய்தி, வில்லேந்திய புலவரின் தலைமையை அறிந்த தமிழ் வாசகருக்கு உடனே விளங்கும். வடிவ ஒப்புமையினும் பணி ஒப்புமையே இங்குத் துணைசெய்கிறது.

முடிவுரை

உலகின் வெவ்வேறு மூலைகளில் உள்ள கலைஞர் ஒருவரையொருவர் அறியும் வாய்ப்பு இன்று மிகுந்துள்ளது. வில்லுப்பாட்டுப் புலவரும் பாஹியாவின் பெரிம்பாவ் கலைஞரும் ஒரே மேடையில் அமர்தல் அரிதன்று. ஓசை அளவில் அவர்கள் விரைவில் இணங்கிவிடுவர். சொல் அளவில் இணங்க மொழிபெயர்ப்பாளர் தேவை. அவர் இருவர் பாட்டையும் முதலில் தரமொழிக்கு மாற்றிவிட்டுப் பின் பெயர்த்தால், மேடையில் சந்திப்பவை இரண்டு தரமொழிகளே. இரு கலைஞர்கள் அல்லர்.

'வில்லடிச்சான்' என்னும் சொல்லில் உள்ள சகரம் ஒரு கரையையும் ஆன் விகுதி மறு கரையையும் காட்டுகின்றன. இரண்டில் ஒன்றை மாற்றாமல் அச்சொல்லை அவ்வாறே கொண்டுசேர்ப்பது சிறு செயலாகத் தோன்றலாம். உதியன்குளங்கரை போன்ற ஊர்களின் மொழிவரலாறு பெரிதும் அச்சிறு செயலையே நம்பி நிற்கிறது.