எந்த வகையில் என்று கேட்டால்

டீ வரட்டும். அதற்குள் முரண்களில் எளிய ஒன்றைப் பார்த்துவிடுவோம். புதுக்கோட்டை மாவட்டத்து நார்த்தாமலையில், மேலமலைச் சரிவில், விசயாலய சோழீசுவரம் என்ற சிவன் கோயிலுக்கு எதிரே இரண்டு குடைவரைகள் இருக்கின்றன. பெரிய குடைவரைக்கு இன்றும் சமணர் குடகு என்றுதான் பெயர். உள்ளே நுழைந்தால் சுவரில் நிற்பது தீர்த்தங்கரர் அல்ல. ஆளுயரத்தில் 12 விஷ்ணு சிற்பங்கள், அத்தனையும் ஒரே சாயலில். கல்வெட்டில் இதன் பெயர் பதினெண்பூமி விண்ணகரம். சமணருடைய குகை பின்னாளில் பெருமாள் கோயிலானது என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள்.

இது சமணர் குகையா, பெருமாள் கோயிலா? இரண்டும்தான் என்றால் சிலருக்குத் தலை சுற்றும். ஆனால் இந்தச் சுற்றலுக்கு மருந்து கண்டவர்களே சமணர்கள்தான். அவர்களுடைய தர்க்கத்துக்குச் சியாத்வாதம் என்று பெயர். ஒரு பொருளைப் பற்றி ‘இருக்கிறது’ என்றும் சொல்லலாம், ‘இல்லை’ என்றும் சொல்லலாம். எந்த வகையில் என்பதைச் சேர்த்துச் சொன்னால் இரண்டும் உண்மை. எதனால் ஆனது, எந்த இடத்தில், எந்தக் காலத்தில், எந்த நிலையில் என்று நான்கு பக்கமாக அந்த ‘எந்த’ பிரியும். குடகுக்குக் காலத்தைச் சேர்த்துப் பாருங்கள், முரண் போய்விடும். ஒரு காலத்தில் சமணருடையது, இன்னொரு காலத்தில் பெருமாளுடையது. அவ்வளவுதான்.

எதிரே இருக்கும் சோழீசுவரம் இன்னும் கொஞ்சம் சிக்கலானது. பெயரைப் பார்த்தால் விசயாலய சோழன் கட்டியது என்று தோன்றும். வாயிலில் உள்ள கல்வெட்டோ வேறு கதை சொல்கிறது. சாத்தன் பூதி என்ற இளங்கோவதியரையர் கட்டிய கற்கோயில் மழையில் சிதைந்தது. மல்லன் விடுமன் என்பவர் அதைப் புதுப்பித்தார். முன்னவர் சோழர் அல்ல, முத்தரையர் குலத்தவர். அப்படியானால் இது யார் கோயில்? முதலில் எழுப்பியவருடையதா, இடிந்ததைத் தூக்கி நிறுத்தியவருடையதா, பெயர் பெற்றுக்கொண்ட சோழனுடையதா? கிரேக்கர்களும் இதே கேள்வியில் சிக்கியவர்கள்தான். தீசியஸின் கப்பலில் பழுதான பலகைகளை ஒவ்வொன்றாக மாற்றினால் கடைசியில் நிற்பது அதே கப்பலா என்று ஏதென்ஸில் வாதாடியதாகப் புளூடார்க் எழுதியிருக்கிறார். இதிலும் சமணர் மருந்து வேலை செய்யும். கல்லைக் கேட்கிறாயா, வடிவத்தைக் கேட்கிறாயா, வழிபாட்டைக் கேட்கிறாயா? கேள்வியைப் பிரித்தால் விடையும் பிரிந்து வரும். எனக்குத் தெரிந்து முரண்கள் என்று நாம் மலைத்துப்போகிறவற்றில் பெரும்பாலானவை இந்த வகை.

இப்படி அவிழாதவையும் உண்டு. ‘நான் இப்போது சொல்வது பொய்’ என்று ஒருவர் சொல்கிறார். அது உண்மையென்றால் பொய், பொய்யென்றால் உண்மை. காலம், இடம் எதைச் சேர்த்தாலும் இந்த வாக்கியம் தன் வாலையே கடித்துக்கொண்டு சுற்றும். சியாத்வாதத்தையே இப்படிச் சுற்ற வைத்துப் பார்த்தவர் சங்கரர். பிரம்மசூத்திர உரையில் அவர் கேட்பது ஏறக்குறைய இதுதான்: எல்லாமே ஒரு வகையில் அப்படி, ஒரு வகையில் அப்படியில்லை என்றால், நீங்கள் சொல்லும் இந்தக் கொள்கையும் அப்படித்தானா? கூர்மையான கேள்வி. ‘எந்த வகையில்’ என்று சேர்த்துத்தானே சொல்கிறோம், அதில் ஐயத்துக்கு எங்கே இடம் என்பது சமணர் பக்கத்து பதில். அவர்கள் சொல்லும் ஏழு வகைக் கூற்றுகளில் நான்காவது, சொல்லில் அடங்காதது. இருக்கிறது, இல்லை என்ற இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல மொழிக்கு வலுவில்லை என்று தர்க்க நூலிலேயே ஒப்புக்கொண்ட அந்த நேர்மை எனக்குப் பிடிக்கும்.

டீ வந்துவிட்டது, ஆறுவதற்குள் குடியுங்கள்.

பக்திக்காரர்கள் இந்த இடத்தில் வேறு வழியில் போனார்கள். அவர்கள் முரணை அவிழ்க்கப் பார்க்கவில்லை, அதற்குக் கோயில் கட்டினார்கள். சைவ சித்தாந்தம் சிவனுக்கு மூன்று நிலை சொல்லும்: அருவம், உருவம், அருவுருவம். லிங்கம் மூன்றாவது. முகமில்லை, கை கால் இல்லை. ஆனாலும் கண்ணெதிரே கல்லாக நிற்கிறது. சோழீசுவரத்தின் கருவறையைக் கவனித்திருக்கிறீர்களா? வட்டமானது. அதைச் சுற்றி எழும் சுவர் சதுரம். வட்டத்துக்கும் சதுரத்துக்கும் நடுவே ஆள் சுற்றிவர இடம் விட்டிருக்கிறார்கள். சிற்பி தத்துவம் நினைத்துத்தான் செய்தார் என்று நான் சொல்ல மாட்டேன். அது கட்டடக் கலைஞனின் துணிச்சலாக மட்டுமே இருக்கலாம். இதே மேலமலையில் ஒரு சுனைக்குள் லிங்கம் இருக்கிறது. தண்ணீரை இறைத்தால்தான் தரிசனம். பார்க்க முடியாத மூர்த்தியை ஏன் அங்கே வைக்க வேண்டும் என்று பக்தரிடம் கேட்டுப் பாருங்கள். கேள்வியே அவருக்கு விளங்காது. தர்க்கம் திணறும் இடத்தில் வழிபாடு சங்கடமில்லாமல் வாழ்கிறது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை.

சமூகத்து முரண் வேறு சாதி. அதில் ‘எந்த வகையில்’ என்ற கேள்வியைக் கவனமாகக் கையாள வேண்டும். 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் எச்சரித்தது ஒரு முரணைப் பற்றித்தான். வரும் ஜனவரி 26 முதல் அரசியலில் சமத்துவமும், சமூக, பொருளாதார வாழ்வில் ஏற்றத்தாழ்வும் நமக்கு இருக்கும். இந்த முரண்பட்ட வாழ்வைச் சீக்கிரம் முடிக்காவிட்டால் ஜனநாயகமே தகர்ந்துபோகும் என்றார். அவர் சொன்னதைக் கவனியுங்கள். விளக்கச் சொல்லவில்லை, முடிக்கச் சொன்னார்.

அப்படி முடிப்பது எவ்வளவு சிக்கலானது என்பதை முதலில் கண்டது நம் சென்னை மாநிலம். சாதிவாரியாகக் கல்லூரி இடங்களைப் பிரித்த வகுப்புவாரி அரசாணையை, அடிப்படை உரிமைக்கு எதிரானது என்று 1951 ஏப்ரலில் செண்பகம் துரைராஜன் வழக்கில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. சாதியை ஒழிக்கச் சாதியைக் கேட்பதா என்ற கேள்வி மேலுக்கு அசைக்க முடியாததாகத் தெரியும். தமிழ்நாட்டில் கிளர்ச்சி எழுந்தது. ஜூனில் முதல் அரசியல் சட்டத் திருத்தம் வந்து, பின்தங்கியவர்களுக்குச் சிறப்பு ஏற்பாடு செய்யலாம் என்று 15-ஆம் பிரிவில் 4-ஆவது உட்பிரிவு சேர்ந்தது. ஏற்றத்தாழ்வைப் பெருக்கச் சாதியைக் கேட்பதும் அதைக் குறைக்கக் கேட்பதும் ஒன்றல்ல. அங்கே ‘எந்த வகையில்’ என்ற கேள்வி நியாயத்தின் பக்கம் நின்றது.

அதே கேள்வி எதிர்ப்பக்கமும் நிற்கும். ‘இங்கே எல்லாரும் ஒண்ணாத்தான் பழகுறோம், டம்ளர் மட்டும் தனி, அது அந்தக் காலத்துப் பழக்கம்’ என்பார்கள். காலம், இடம், நிலை எல்லாம் சேர்த்துச் சொன்ன அழகான விளக்கம்! இதே புதுக்கோட்டை மாவட்டத்தில், 2022 டிசம்பரில், பட்டியலின மக்கள் வாழும் வேங்கைவயலின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்ததை விசாரிக்கப் போன அதிகாரிகள், பக்கத்து இறையூர் டீக்கடையில் இரட்டை டம்ளர் இருந்ததைக் கண்டார்கள். தீண்டாமையை ஒழித்த 17-ஆவது பிரிவுக்கு அப்போது வயது 70-க்கு மேல். கடைக்காரர் மீது வழக்குப் பதிவானது.