காட்டுக்குள் வழி பார்க்க எந்த ஜிபிஎஸ்?

"கைப்பேசியிலேயே ஜிபிஎஸ் இருக்கிறதே அண்ணே, அதற்கென்று தனியாக ஒரு கருவி எதற்கு?"

மலையேறும் ஆர்வம் புதிதாக வந்த தம்பி, தங்கைகள் இந்தக் கேள்வியைக் கேட்காத மாதம் இல்லை. கிள்ளான் பள்ளத்தாக்கில் வேலை பார்க்கும் சில குடும்பங்கள் சேர்ந்து பல ஆண்டுகளாக வார இறுதிகளில் மலையேறி வருகிறோம். பள்ளிப் பிள்ளைகளும் வருவார்கள், பணி ஓய்வு பெற்ற பெரியவர்களும் வருவார்கள். வழி பார்ப்பது பெரும்பாலும் என் வேலை. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: எங்கே போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது பதில்.

புரோகா குன்றுக்கோ, சிங்கப்பூரின் புக்கிட் தீமாவுக்கோ போகிறவருக்குத் தனிக் கருவி தேவையே இல்லை. 163 மீட்டர் உயரமுள்ள புக்கிட் தீமாவில் வழி தவறுவதற்குத் தனித் திறமை வேண்டும். ஆனால் 1,493 மீட்டர் உயரமுள்ள குனோங் நுவாங், தீபகற்பத்தின் உச்சியான 2,187 மீட்டர் குனோங் தாஹான் போன்ற இடங்களில் கதையே வேறு. பல மணி நேரம், சில சமயம் பல நாள், தொலைபேசி அலை எட்டாத காட்டில் நடக்க வேண்டும். அங்கே கருவியைத் தேர்ந்தெடுப்பது பொழுதுபோக்குச் சாமான் வாங்குவது போன்றதல்ல. இருட்டுவதற்குள் பிள்ளைகளைக் கீழே கொண்டுவந்து சேர்ப்பதில் அதற்கும் பங்கு உண்டு.

கைப்பேசியைக் குறை சொல்லித் தொடங்க எனக்கு விருப்பமில்லை. அதன் ஜிபிஎஸ், சிம் இல்லாவிட்டாலும் வேலை செய்யும். வரைபடத்தை வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொண்டு, காட்டுக்குள் நுழைந்ததும் விமானப் பயன்முறைக்கு மாற்றிவிட்டால் பேட்டரியும் ஓரளவு தாங்கும். அலை இல்லாத இடத்தில் கோபுரத்தைத் தேடித் தேடியே பாதி பேட்டரியைத் தின்றுவிடுவதுதான் கைப்பேசியின் குணம். திறந்தவெளியில் நல்ல கைப்பேசிக்கும் தனிக் கருவிக்கும் துல்லியத்தில் பெரிய வேறுபாட்டை நான் பார்த்ததில்லை.

வேறுபாடு மழையில் தெரியும். நம் ஊரில் பிற்பகல் மழை சொல்லிவிட்டு வருவதில்லை. ஈரக் கையால் தொடுதிரையைத் தட்டிப் பாருங்கள்; நாம் தொட்டது ஒன்று, திறப்பது ஒன்று. மழைத்துளியே வரைபடத்தை இழுத்துக்கொண்டு போகும். பொத்தான் வைத்த கருவிக்கு அந்தத் தொல்லை இல்லை. இன்னொன்று, கைப்பேசிதான் நமக்குப் புகைப்படக் கருவி, அதுதான் டார்ச் விளக்கு, அலை கிடைத்தால் 999-ஐ அழைக்கவும் அதுதான். இத்தனை சுமையையும் ஒரே பேட்டரி மேல் ஏற்றலாமா?

நுவாங்கிலிருந்து இறங்கும் வழியில் ஒருமுறை மூன்று இளைஞர்கள் எதிரே ஏறி வந்தார்கள். மாலை ஐந்தரை மணி. "பங்சுன் வாசல் இன்னும் எவ்வளவு தூரம் அங்கிள்?" என்று கேட்டார்கள். பங்சுன் இருந்தது அவர்களுக்குப் பின்னால். மூவரின் கைப்பேசியும் அணைந்துவிட்டிருந்தது. காலையிலிருந்து படம் எடுத்திருக்கிறார்கள். என்னிடமிருந்த கருவியில் காலையில் நாங்கள் ஏறிய தடத்தைக் காட்டி, எங்களோடு அழைத்து வந்தோம். ஏழு மணி வாக்கில்தான் சூரியன் மறையும் என்றாலும், மரங்களுக்கு அடியில் ஆறரைக்கே கால் வைக்கும் இடம் தெரியாது. அன்று உதவியது விலை உயர்ந்த கருவி அல்ல. சின்னத் திரை, இரண்டு டபுள் ஏ பேட்டரி, ஓரங்களில் பொத்தான், அவ்வளவுதான்.

இனி கருவிக்கு வருவோம். ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அங்கிருந்து வரும் அலை தரையைத் தொடும்போது மிகமிக மெலிந்திருக்கும். நம் இடத்தைக் கணிக்கக் குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் அலை வேண்டும். ஈரம் சொட்டும் அடர்ந்த இலைக்கூரை அதைப் பெருமளவு மறைக்கிறது. தப்பி வருவதிலும் ஒரு பகுதி மரத்தண்டிலும் பாறையிலும் பட்டுத் தெறித்து, சுற்றுவழியில் வந்து சேர்கிறது. அதனால்தான் பள்ளத்தாக்கு ஓடையருகே நாம் அசையாமல் உட்கார்ந்து சாப்பிடும்போதும், திரையில் நம் புள்ளி அங்குமிங்கும் நடந்துகொண்டிருக்கும்.

ஆகவே முதலில் கேட்க வேண்டியது, எத்தனை செயற்கைக்கோள் குடும்பங்களின் அலையை அது வாங்கும் என்பதை. அமெரிக்காவின் ஜிபிஎஸ் தவிர ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டோ ஆகியவையும் இருக்கின்றன. இலைகளின் இடுக்கில் எது கிடைத்தாலும் லாபம். அடுத்தது, ஒரே செயற்கைக்கோளிடமிருந்து இரண்டு அலைவரிசைகளை வாங்கும் வசதி. ஆங்கிலத்தில் 'மல்டி பேண்ட்' என்று பெட்டியில் போட்டிருப்பார்கள். தெறித்து வரும் அலையால் ஏற்படும் பிழையை இது வெகுவாகக் குறைக்கிறது. நம் மழைக்காட்டுக்குப் பொருத்தமான வசதி, கூடுதல் காசு கொடுக்கலாம்.

சந்தையில் அதிகம் கிடைப்பவை கார்மின் நிறுவனத்தின் கருவிகள். 2023இல் வந்த ஈட்ரெக்ஸ் எஸ்இ அவற்றில் எளியது. கறுப்பு வெள்ளைத் திரை, வரைபடம் கிடையாது. தடமும் இடக்குறியும் மட்டும்தான். ஆனால் இரண்டு டபுள் ஏ பேட்டரியில் 168 மணி நேரம் வரை ஓடும் என்கிறது நிறுவனம். அறிமுக விலை 150 அமெரிக்க டாலர். "வரைபடமே இல்லாத ஜிபிஎஸ்ஸா?" என்று முகம் சுளிக்க வேண்டாம். போன வழியே திரும்பி வருகிறவருக்குத் தடம்தான் முக்கியம்.

2019இல் வந்த ஈட்ரெக்ஸ் 22எக்ஸ், 32எக்ஸ் இரண்டிலும் வண்ணத் திரையும் வரைபடமும் உண்டு; 25 மணி நேரம் ஓடும். அறிமுக விலை முறையே 200, 300 டாலர். அந்த 100 டாலர் எதற்கு? 32எக்ஸில் மின்னணுத் திசைகாட்டியும் காற்றழுத்தமானியும் இருக்கின்றன. 22எக்ஸ் நாம் நடந்தால்தான் திசை சொல்லும். நின்றால் அம்பு குழம்பும். முச்சந்தியில் நின்று யோசிக்கிறவருக்கு இது பெரிய விஷயம். ஆனாலும் கழுத்தில் ஒரு சாதாரணத் திசைகாட்டியைத் தொங்கவிட்டால் அந்தக் குறை தீர்ந்துவிடும். நான் 22எக்ஸையே பரிந்துரைப்பேன்.

அதற்கு மேலே ஜிபிஎஸ்மேப் வரிசை. 65எஸ் கருவியில் இரட்டை அலைவரிசையும் உண்டு, டபுள் ஏ பேட்டரியும் உண்டு. ஆனால் 16 மணி நேரம்தான். 2023இல் வந்த ஜிபிஎஸ்மேப் 67 மூன்று அங்குலத் திரையோடு 180 மணி நேரம் வரை ஓடும். அறிமுக விலை 500 டாலர். பேட்டரி உள்ளேயே இருப்பதால் மின்னேற்றத்தான் முடியும், கடையில் வாங்கி மாற்ற முடியாது. இதில்தான் நண்பர்களுக்குள் வாக்குவாதம் வரும். என் கட்சி டபுள் ஏ கட்சி. மலையடிவாரத்துக் கம்பத்துக் கடையிலும் அது கிடைக்கும்; உடன் வருபவரின் டார்ச் விளக்கிலிருந்தும் உருவிக்கொள்ளலாம். ஒரு வாரம் தாஹானில் நடக்கிறவர் 67ஐத் தேர்ந்தெடுத்தால் நான் மறுக்க மாட்டேன்.

சிலர் இரண்டாயிரம் ரிங்கிட் கொடுத்துக் கருவி வாங்குவார்கள். பேட்டரி மட்டும் இருப்பதிலேயே மலிவானதாகப் போடுவார்கள். யானை வாங்கியவன் அங்குசம் வாங்கத் தயங்கிய கதைதான். லித்தியம் டபுள் ஏ விலை கூடுதல், எடை குறைவு, நீண்ட நேரம் உழைக்கும். மின்னேற்றிப் பயன்படுத்தும் வகையும் நல்லதே. எதைப் போட்டாலும் கருவியின் அமைப்புப் பட்டியலில் அந்த வகையைத் தேர்ந்தெடுத்துவிடுங்கள். இல்லையென்றால் மீதமிருக்கும் அளவைத் தவறாகக் காட்டும்.

பழைய கருவியைக் கைமாற்றாக வாங்குவதில் தவறில்லை. பேட்டரி அறையைத் திறந்து, கசிந்து பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்கள். வெளியே எடுத்துப் போய் அலை பிடித்தபின் தேதியையும் பாருங்கள். ஜிபிஎஸ் தன் வாரக் கணக்கை 1,024 வாரத்துக்கு ஒருமுறை பூஜ்ஜியத்திலிருந்து தொடங்குகிறது. கடைசியாக அது நடந்தது 2019 ஏப்ரலில். அதைச் சமாளிக்கத் தெரியாத பழைய கருவிகள் இருபது ஆண்டுக்கு முந்தைய தேதியைக் காட்டும். இடத்தைச் சரியாகவே சொல்லக்கூடும் என்றாலும், விலை பேச நல்ல காரணம்.

எந்தக் கருவியை வாங்கினாலும் அது சொல்லாத சில விஷயங்கள் இருக்கின்றன. 'உச்சிக்கு 1.2 கிலோமீட்டர்' என்று அது காட்டுவது பெரும்பாலும் காக்கை பறக்கும் தூரம். நடுவே ஓடையும் பள்ளமும் இருப்பது அந்த அம்புக்குத் தெரியாது. அம்பை நம்பிச் சரிவில் இறங்குவதுதான் ஆபத்து. அம்பு எதைக் காட்டினாலும் கால் பழகிய பாதையை விடக் கூடாது.

வரைபடத்திலும் ஒரு சிக்கல் உண்டு. நம் நாட்டின் பழைய நில அளவை வரைபடங்கள் 'கெர்த்தாவ்' அடிப்படையில் வரையப்பட்டவை. ஜிபிஎஸ் பயன்படுத்துவது 'டபிள்யூஜிஎஸ் 84'. கருவியின் எண்ணை அப்படியே பழைய காகித வரைபடத்தில் குறித்தால் 100 மீட்டருக்கும் மேல் தள்ளி விழும். ஒரு முகட்டில் இருப்பவர் பக்கத்துச் சரிவில் இருப்பதாக நினைத்துக்கொள்வார்.

இதைவிடப் பெரிய குழப்பம், உதவிக்கு அழைக்கும்போது வரும். கருவியில் அட்சரேகை 3.25 பாகை என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கேட்பவர் அதை 3 பாகை 25 கலை என்று எழுதிக்கொண்டால்? 3.25 பாகை என்பது 3 பாகை 15 கலை. வித்தியாசம் 10 கலை, அதாவது சுமார் 18.5 கிலோமீட்டர். பொம்பா வீரர்கள் வேறொரு மலையில் தேடிக்கொண்டிருப்பார்கள். ஆகவே எண்ணைச் சொல்லும்போது 'மூன்று புள்ளி இரண்டு ஐந்து பாகை' என்று முழுதாகச் சொல்லி, எதிர்முனையில் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். குழுவில் அனைவர் கருவியும் ஒரே முறையில் எண் காட்டும்படி கிளம்பும் முன்பே வைத்துக்கொள்வது எங்கள் வழக்கம்.

அலையே இல்லாத இடத்தில் எப்படி அழைப்பது? சாதாரண ஜிபிஎஸ் கருவி அலையை வாங்கும், எதையும் அனுப்பாது. பலர் இதைப் புரிந்துகொள்ளாமலே வாங்குகிறார்கள். "இது கையில் இருந்தால் நம்மைக் கண்டுபிடித்துவிடுவார்களாமே" என்று ஓர் அக்கா என்னிடம் கேட்டார். கண்டுபிடிக்க மாட்டார்கள் அக்கா. அதற்கு இன்ரீச் போன்ற தொடர்புக் கருவி வேண்டும். அது இரிடியம் செயற்கைக்கோள் வழியாகக் குறுஞ்செய்தியும் அபாய அழைப்பும் அனுப்பும். இன்ரீச் மினி 2 வெறும் 100 கிராம். சந்தா கட்ட வேண்டும். கட்டாவிட்டால் வேலை செய்யாது. பிள்ளைகளோடு இரவு தங்கும் குழுவில் ஒருவரிடமாவது அது இருக்கட்டும். ஐந்து பேர் ஆளுக்கொரு விலையுயர்ந்த ஜிபிஎஸ் வாங்குவதற்குப் பதில், மலிவான இரண்டும் இப்படி ஒன்றும் வாங்கிப் பகிர்ந்துகொள்ளலாம். ஒரு எச்சரிக்கை: இமயமலைக்குப் போகிறவர்கள் இதைப் பையில் போட்டுக்கொண்டு இந்தியாவில் இறங்கிவிடாதீர்கள். முன் அனுமதியில்லாத செயற்கைக்கோள் தொடர்புக் கருவி அங்கே சட்டவிரோதம். விமான நிலையத்திலேயே பயணிகள் பிடிபட்டிருக்கிறார்கள்.

தாஹான் போன்ற மலைகளுக்கு அனுமதிச் சீட்டும் வழிகாட்டியும் வேண்டும். கையில் கருவி இருப்பதால் வழிகாட்டியை விட்டுவிடலாம் என்று யாரும் கணக்குப் போட வேண்டாம்.

வாங்கிய புதிதில் நேரே மலைக்குப் போகாதீர்கள். முதன்முறை, அல்லது விமானத்தில் தொலைவு போய்வந்த பிறகு, வானம் தெரியும் இடத்தில் கால் மணி நேரம் அசையாமல் வையுங்கள். செயற்கைக்கோள்களின் முழு அட்டவணையும் வந்து சேரவே 12.5 நிமிடம் ஆகும். மரத்தடியில் நின்றுகொண்டு "வேலை செய்யவில்லை" என்று கடைக்காரரைத் திட்டுவதில் பயனில்லை. பிறகு ஷா ஆலம் தாவரவியல் பூங்காவோ மெக்ரிட்சியோ, பக்கத்தில் இருக்கும் பூங்காவுக்குக் குடும்பத்தோடு போங்கள். வண்டி நிறுத்திய இடத்தைக் குறித்துவிட்டு ஒரு மணி நேரம் நடங்கள். பிறகு கருவியைப் பிள்ளையிடம் கொடுத்து, வாய் திறக்காமல் பின்னால் நடந்து வாருங்கள். என் மகள் இரண்டாம் வாரத்திலேயே வண்டியைக் கண்டுபிடித்துவிட்டாள். என் மனைவிக்கு மூன்று வாரம் ஆயிற்று. இப்போது எங்கள் குழுவின் கடைசி ஆளாக நடந்து, இரண்டாவது கருவியில் தடம் பதிப்பது அவர்தான்.