பெட்டையின் குரல் – 9: அண்ணத்தில் ஒட்டும் ஜவ்வு

போன வாரம் வான்கோழி வேட்டைக்காரர்களின் பெட்டி, சிலேட் என்ற இரண்டு அழைப்பான்களைப் பார்த்து முடித்தோம். இரண்டும் கையால் உரசிப் பேசவைப்பவை. அதற்கு மேல் முன்கதை தேவையில்லை, தொடர்ந்து படிப்பவர்களுக்கு நினைவிருக்கும். இந்த வாரம் வாய்க்குள் வைத்து ஊதும் மௌத் கால். யெல்ப், கிளக், பர், கட்டிங், கீ-கீ என்று பெட்டை வான்கோழியின் எல்லாக் குரல்களையும் இந்த ஒரே கருவியில் எடுப்பது எப்படி என்று எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். எவ்வளவு தூரம் போக முடிகிறது என்று பார்ப்போம்.

பொருள் மிகச் சின்னது. குதிரை லாடம் போல் வளைத்த மெல்லிய அலுமினியச் சட்டம். அதன் இரு கால்களுக்கும் இடையில் இழுத்துக் கட்டிய ரப்பர் ஜவ்வு. ஜவ்வு ஒன்றாகவும் இருக்கலாம், இரண்டு மூன்றாக அடுக்கியும் இருக்கலாம், நான்கு வைப்பவர்களும் உண்டு. சட்டத்தைச் சுற்றி, தண்ணீர் புகாத ஒட்டுநாடா அரைவட்டமாகப் பரவியிருக்கும். மொத்தமும் இரண்டு விரல் அகலம்தான். அந்தக் காலத்தில் ஆணுறையை வெட்டித்தான் பலர் ஜவ்வு கட்டினார்கள். இன்றும் மெல்லிய ரக ஜவ்வுக்கு அமெரிக்கக் கடைகளில் அந்தப் பெயரே நிலைத்திருக்கிறது.

இதை ஏன் வாய்க்குள் வைக்க வேண்டும், பெட்டி போதாதா என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். காட்டு வான்கோழிக்கு மோப்பம் பெரிதாகக் கிடையாது. கண்ணும் காதும்தான் அதைக் காப்பாற்றுகின்றன. கண்கள் தலையின் இருபுறமும் இருப்பதால், கழுத்தைக் கொஞ்சம் திருப்பினாலே சுற்றுவட்டம் முழுவதும் தெரிந்துவிடும். ஷாட்கன்னை நம்பிச் சுடக்கூடிய தூரமோ ஏறக்குறைய 40 கஜம்தான். அவ்வளவு கிட்டத்தில் பெட்டியின் மூடியை அசைக்கும் கையைச் சேவல் பார்த்துவிட்டால் அன்றைய வேட்டை முடிந்தது. மௌத் கால் வைத்திருப்பவருக்கு இரண்டு கையும் துப்பாக்கியிலேயே இருக்கும், முகத்தை வலை மூடியிருக்கும். வாய் பேசுவது வெளியே தெரியாது.

இன்னொரு காரணம் இதைவிடப் பெரியது. ஏப்ரல் மாதத்து விடியலில் சேவல், இரவு தங்கிய கிளையில் இருந்தபடியே கூவும். பெட்டைகள் இறங்கி அதைத் தேடிப் போகும். அவற்றின் வழக்கம் அது. வேட்டைக்காரர் அதைத் தலைகீழாக்குகிறார்: பெட்டையின் குரலில் பேசி, சேவலைத் தன்னிடம் வரச் சொல்கிறார். அதனால்தான் எத்தனையோ சேவல்கள் 60, 70 கஜம் வரை ஆர்வமாக வந்துவிட்டு, அங்கேயே நின்று தோகையை விரித்துக்கொண்டு, ‘நான் வந்துவிட்டேன், இனி நீ வா’ என்று காத்திருக்கும். அந்தக் கடைசி இருபது முப்பது கஜத்தைக் கடக்கவைக்க உரத்த அழைப்பு உதவாது. தாழ்ந்த ஒரு கிளக், இரை பொறுக்கும் பெட்டையின் மெல்லிய பர், அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். அசையாமல் அதைச் செய்யும் கருவி மௌத் கால் ஒன்றுதான்.

இனி, இந்த வாரம் முழுக்க என்னைத் தூங்கவிடாத விஷயத்துக்கு வருகிறேன். இந்தக் கருவிக்கு வேட்டையோடு சம்பந்தமே இல்லாத ஒன்றுவிட்ட சகோதரர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள், அவர்கள் பொம்மலாட்டத் திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறார்கள்!

இங்கிலாந்தின் கடற்கரைகளில் பஞ்ச் அண்ட் ஜூடி என்ற பொம்மலாட்டம் நடக்கும். கூன் விழுந்த, கொக்கி மூக்கு பஞ்சுக்கு மனிதக் குரல் கிடையாது. கீச்சென்று தகரத்தில் கீறுகிற குரலில்தான் அவன் பேசுவான். அந்தக் குரல் ஸ்வாசில் என்ற கருவியிலிருந்து வருகிறது: இரண்டு சின்ன உலோகப் பட்டைகள், நடுவில் இழுத்துப் பிடித்த ஒரு நாடா, சுற்றிலும் நூல் கட்டு. ஆட்டக்காரர் அதை நாக்கால் மேலண்ணத்தோடு அழுத்திக்கொண்டு பஞ்சாகப் பேசுவார். ஜூடி பேச வேண்டிய அடுத்த நொடியில் அதே நாக்கால் அதை ஒதுக்கிவிட்டுத் தன் சொந்தக் குரலில் பேசுவார். கை இரண்டும் பொம்மைகளுக்குள் மாட்டியிருப்பதால் வாயிலிருந்து எடுத்து வைக்க வழியில்லை. இத்தாலியில் பஞ்சின் மூதாதை புல்சினெல்லாவுக்கும் இதே ஏற்பாடுதான், அங்கே அதன் பெயர் பிவெட்டா. 1662 மே 9 அன்று லண்டன் கோவன்ட் கார்டனில் இத்தாலிய பொம்மலாட்டம் ஒன்றைப் பார்த்து ரசித்ததாக சாமுவேல் பீப்ஸ் தன் நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். பஞ்சின் பிறந்தநாளாக ஆங்கிலேயர்கள் கொண்டாடுவது அந்தத் தேதியைத்தான்.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். ராஜஸ்தானின் கட்புத்லி ஆட்டத்தில் பொம்மைகள் பேசுவதும் வாய்க்குள் அடக்கிய ஒரு கருவியால்தான். மூங்கில் பட்டைகளுக்கு நடுவே தோல் வைத்துக் கட்டிய அதற்கு போலி என்று பெயர். பொம்மை கீச்சிடுவதை உடன் இருப்பவர் மனிதப் பேச்சில் விளக்கிச் சொல்ல, கதை நகரும்.

அமெரிக்காவிலேயே இன்னொன்று இருந்தது. சிறுவர்களுக்கான காமிக்ஸ் புத்தகங்களின் பின்பக்கத்தில், ‘உன் குரலை எங்கே வேண்டுமானாலும் எறியலாம்’ என்று விளம்பரம் செய்து வென்ட்ரிலோ என்ற பொருளைத் தபாலில் விற்றார்கள். பெட்டிக்குள்ளிருந்து ஆள் கத்துவதுபோலப் படம் போட்டிருக்கும். காசு அனுப்பிய பையன்களுக்குக் கிடைத்தது, நாக்கின் மேல் வைத்து ஊதும் அரைவட்ட ஜவ்வு விசில். அதை வைத்துக் குரலை எங்கும் எறிய முடியாது. ஆனால் பழகினால் பறவைபோல அருமையாகக் கூவலாம். வான்கோழி வேட்டைக்காரர் சட்டைப் பையில் வைத்திருப்பதும் ஏறக்குறைய அதே சாதனம்தான். அப்படி ஏமாந்த பையன்களில் எத்தனை பேர் பின்னாளில் நல்ல வேட்டைக்காரர்கள் ஆனார்களோ என்று நினைக்க எனக்கு ஆசையாக இருக்கிறது.

இந்தச் சகோதரர்களைப் பற்றி இவ்வளவு எழுதக் காரணம், முதல் பாடமே இவர்களிடம்தான் இருக்கிறது. இவர்கள் யாரும் அந்தக் குரலைத் தொண்டையில் எழுப்புவதில்லை. அதிர்வது நாடா அல்லது ஜவ்வு. மனிதன் கொடுப்பது காற்றும், நாக்கின் அழுத்தமும், வாயின் வடிவமும்தான். மௌத் கால் பழகுபவர்களில் பெரும்பாலோர் முதலில் தொண்டையைத் திறந்து முனகுகிறார்கள். அந்த முனகல் ஜவ்வின் ஒலியோடு கலந்து எல்லாவற்றையும் கெடுத்துவிடுகிறது. வான்கோழிக்கும் நமக்கிருப்பதுபோலத் தொண்டையில் குரல்நாண் கிடையாது. மூச்சுக்குழல் இரண்டாகப் பிரியும் அடியில், மார்புக்குள், மெல்லிய ஜவ்வுகள் அதிர்ந்துதான் அதன் குரல் பிறக்கிறது. நெஞ்சுக்குள் இருக்கும் ஜவ்வை நாம் அண்ணத்தில் கொண்டுவந்து வைக்கிறோம்.

சரி, பழகும் முறை. நாதஸ்வரக்காரர் சீவாளியை உமிழ்நீரில் ஊறவைத்துப் பதப்படுத்துவதுபோல, முதலில் இதை நாக்கில் வைத்து நனைக்க வேண்டும். காய்ந்த ஜவ்வுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஊமையாகக் கிடக்கும். பிறகு, லாடத்தின் திறந்த பக்கம் முன்பற்களைப் பார்க்க, குட்டையான ஜவ்வு கீழே நாக்கின் பக்கம் இருக்க, மேலண்ணத்தில் பொருத்துங்கள். சட்டத்தை விரலால் லேசாக வளைத்தால் அண்ணத்தின் குழிவுக்கு இணங்கும். ஒட்டுநாடா பல்லில் இடித்தால் ஓரத்தைக் கத்தரிக்கோலால் நூலளவு நறுக்கிப் பாருங்கள், மறுபடி வைத்துப் பாருங்கள். ஒரேயடியாக வெட்டிவிட்டால் பக்கவாட்டில் காற்று கசியும். அதன் பிறகு அந்தத் துண்டு குப்பைக்குத்தான்.

குமட்டும். எல்லோருக்கும் குமட்டும். ஊத முயலாமல், பாத்திரம் கழுவும்போதும் கார் ஓட்டும்போதும் சும்மா வாயில் வைத்திருப்பதே இதற்கு மருந்து. சில நாளில் அண்ணம் பழகிவிடும். பழகவே இல்லையென்றால் சிறிய சட்டம் வாங்குங்கள், சிறுவர்களுக்கும் குறுகிய அண்ணம் உள்ளவர்களுக்கும் என்று தனியாகவே செய்கிறார்கள். ஜவ்வு மூன்று நான்கு உள்ளதை ஆரம்பத்தில் தொடாதீர்கள். ஒற்றையோ இரட்டையோ போதும், காற்று குறைவாகவே கேட்கும். மேல் ஜவ்வில் வி வடிவம், வௌவால் சிறகு வடிவம் என்று வெட்டு வைத்தவை கரகரப்புக்காக ஏற்பட்டவை. அவற்றுக்கு நேரம் வரும்.

காற்று கன்னத்திலிருந்து வரக் கூடாது. பலூன் ஊதும் மூச்சு வேண்டாம். மூக்குக்கண்ணாடியைத் துடைப்பதற்கு ‘ஹா’ என்று விடுகிறோமே, வயிற்றிலிருந்து வரும் அந்தச் சூடான மூச்சுதான் வேண்டும். அதை விட்டபடியே நாக்கை மெல்ல மேலே அழுத்துங்கள். முதலில் வெறும் ‘ஸ்ஸ்’. இன்னும் கொஞ்சம் அழுத்தினால் நாக்கின் நடுவில் ஒரு கூச்சம் தொடங்கும், ஜவ்வு அதிர ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். இன்னும் அழுத்தினால் கூர்மையான விசில். அந்த விசிலைப் பிடித்தபடியே தாடையைச் சட்டென்று கீழே விட்டால் ஒலி உடைந்து கரகரவென்று இறங்கும். மேலே தெளிவான ‘கீ’, கீழே கரகரத்த ‘யக்’, இரண்டையும் இணைத்தால் யெல்ப். ‘ச்சக்’, ‘ச்சாப்’ என்று குரலில்லாமல் வாய்க்குள் சொல்லிப் பழகுவது அமெரிக்க வேட்டைக்காரர்கள் வழக்கம். தாடை தானாக இறங்க அது உதவுகிறது.

ஒரு யெல்ப் வந்துவிட்டதும் எல்லோரும் அதன் இனிமையைத் தேடிப் போய்விடுகிறார்கள். என் கருத்தில் அது தவறான வழி. காட்டில் ஒரு காலை நேரம் உட்கார்ந்து கேட்டுப் பாருங்கள், தொண்டை கட்டிய பெட்டைகள், சுருதி தப்பிய பெட்டைகள் எத்தனையோ. சேவல் எதையும் தள்ளுவதில்லை. அது கவனிப்பது நடையைத்தான். சாதாரண யெல்ப் நான்கைந்து ஒலிகள் சீரான இடைவெளியில் வந்து, கடைசியில் கொஞ்சம் தணியும். அந்த இடைவெளி கோணினால் பறவை சந்தேகப்படும். ஆண்டுதோறும் நாஷ்வில்லில் தேசிய காட்டு வான்கோழிக் கூட்டமைப்பு நடத்தும் அழைப்புப் போட்டிகளில் மேடையேறுபவர்களின் துல்லியம் பிரமிக்க வைக்கிறது. ஆனாலும் கற்பவர்களுக்கு நான் சொல்வது, போட்டிப் பதிவுகளைவிடப் பறவையையே கேளுங்கள் என்றுதான். ஃப்ளோரிடாவின் உயிரியலாளர் லவெட் வில்லியம்ஸ் காட்டுப் பறவைகளின் குரல்களைப் பதிவு செய்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

அதே ஃப்ளோரிடாவில் ஜோ ஹட்டோ என்பவர் காட்டு வான்கோழி முட்டைகளை அடைகாக்கும் கருவியில் வைத்து, குஞ்சு பொரியுமுன்பே முட்டைகளோடு வான்கோழி மொழியில் பேசினார். உள்ளேயிருந்து பதில் வந்தது. பொரிந்த குஞ்சுகள் அவரையே தாயாக ஏற்றுக்கொண்டு காடெல்லாம் பின்தொடர்ந்தன. 1995-ல் வந்த அவருடைய புத்தகம் பின்னர் ‘மை லைஃப் அஸ் எ டர்க்கி’ என்ற ஆவணப்படமானது. வேட்டையாடுபவரும் ஆடாதவரும் பார்க்க வேண்டிய படம். பாம்பைக் கண்டால் ஒரு குரல், பருந்தைக் கண்டால் வேறு குரல் என்று அவை பேசுவதைக் கேட்டபின், நாம் பழகும் நான்கைந்து ஒலிகள் எவ்வளவு சின்ன அகராதி என்று புரியும்.

தாயிடம் கற்பது எவ்வளவு முக்கியம் என்பதை இந்தப் பறவையின் வரலாறும் சொல்கிறது. 1930-களில் அமெரிக்கா முழுவதும் சேர்த்து ஏறக்குறைய 2 லட்சம் காட்டு வான்கோழிகளே மிஞ்சியிருந்தன. பண்ணையில் வளர்த்துக் காட்டில் விட்டவை பிழைக்கவில்லை. தாயின் பின்னால் நடந்து காட்டைக் கற்காத பறவைகள் அவை. 1950-களில் பீரங்கி வலை வீசி, காட்டுப் பறவைகளையே பிடித்துப் புது இடங்களில் விட ஆரம்பித்த பிறகுதான் எண்ணிக்கை ஏறி, 60 லட்சத்தைத் தாண்டியது. முழுக் கதைக்குத் தனி வாரம் ஒதுக்கியிருக்கிறேன்.

எதைக் குறைத்தாலும் இதைக் குறைக்க மாட்டேன்: நீங்கள் நன்றாக அழைக்கக் கற்றுக்கொண்ட அன்றே உங்களுக்கு ஆபத்தும் தொடங்குகிறது. பொதுக் காட்டில் இன்னொரு வேட்டைக்காரர் உங்கள் குரலைப் பெட்டை என்று நம்பிப் பதுங்கி வரலாம். சேவலின் தலையில் இருப்பவை சிவப்பு, வெள்ளை, நீலம். கைக்குட்டை, காலுறை, உள்சட்டை எதிலும் இந்த நிறங்கள் வெளியே தெரியக் கூடாது. தோளைவிட அகலமான மரத்தில் முதுகைச் சாய்த்து உட்காருங்கள். யாராவது நெருங்குவது தெரிந்தால் கையை ஆட்டாதீர்கள், அழைப்பானை ஊதாதீர்கள். மனிதக் குரலில், உரக்கப் பேசுங்கள்.

கிளக்கும் பர்ரும் பாக்கி. கட்டிங், கீ-கீ இரண்டையும் இந்த இடத்தில் திணித்தால் இரண்டுமே பாழாகும். கீ-கீ அடுத்த வாரம் வரும். கூட்டத்தைத் தொலைத்த இளம்பறவையின் அழுகை அது, இலையுதிர்கால வேட்டையின் உயிர்நாடி. அதற்கு வெட்டில்லாத ஜவ்வுதான் தேவை, இப்போதே ஒன்று வாங்கி வையுங்கள். ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் ஊதி முடித்ததும் தண்ணீரில் அலசி, ஜவ்வுகளுக்கு இடையில் ஒரு பல்குச்சியைச் செருகி, ஃப்ரிட்ஜில் வையுங்கள். வெயிலும் சூடும் பட்டால் ரப்பர் இற்றுப்போகும், காரின் டாஷ்போர்டில் மட்டும் போட்டு வைக்காதீர்கள்.

(தொடரும்)