செமன் டின்னும் வெரலிக்காயும்: அம்மாவுக்கும் ஒரு துண்டு



சம்பள நாளன்று கடைக்குப் போனால் அரிசி, மா, சீனியோடு ஒரு செமன் டின்னும் பையில் ஏறிவிடும். வெட்டத் தேவையில்லை, செதில் எடுக்கத் தேவையில்லை. மலையிலிருந்து களைத்து வந்து அடுப்பு மூட்டுகிறவர்களுக்கு அது எவ்வளவு உதவி என்று நமக்குத் தெரியும். இந்த மடலில் அந்த டின் மீனைப் பற்றியும், அதை ஒரு புது விதமாகச் சமைப்பது பற்றியும் எழுதுகிறேன்.

இந்தச் சமையலைச் சொல்லித் தந்தது நானில்லை. மேல் டிவிசன் தங்கச்சி ஒருவர். குவைத்தில் வீட்டு வேலை செய்துவிட்டுத் திரும்பியவர். தாய்மார் கூட்டத்தில் அவர் சொன்னார்: "ஐயா, நாங்க இங்க செமன்னு சொல்றது செமனே இல்ல. அங்க நான் ஆக்குன செமன் பெரிய மீனு, சதை ரோஸ் கலர்ல இருக்கும். அதுக்கு மேல ஒலிவ் காயையும் எலையையும் அரைச்சுப் பூசி அவன்ல வைப்போம்." கூட்டத்தில் எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் அவர் சொன்னது உண்மை.

செமன் என்பது எது?

நிஜமான சால்மன் குளிர்நாட்டு மீன். ஆற்றில் பிறந்து, கடலுக்குப் போய் வளர்ந்து, முட்டையிடத் தான் பிறந்த ஆற்றுக்கே திரும்பி வரும். இப்போது நோர்வே போன்ற நாடுகளில் கடலில் வலைக்கூடு கட்டி வளர்க்கிறார்கள். விலை அதிகம்.

நமது கடையில் ‘செமன் டின்’ என்று வாங்குவது பெரும்பாலும் மெக்கரல் அல்லது ஜெக் மெக்கரல் என்னும் கடல் மீன். டின்னில் ஒட்டியிருக்கும் தாளைப் படித்தால் தெரியும். பெயர் மாறிப் போனதால் சத்துக் குறைந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். இரத்தக் குழாய்க்கும் பிள்ளைகளின் மூளை வளர்ச்சிக்கும் நல்லதான ஒமேகா 3 கொழுப்பு சால்மனைப் போலவே மெக்கரலிலும் உண்டு. புரதமும், இரும்புச்சத்தும், விற்றமின் டி-யும் உண்டு. டின்னில் வெந்த முள் மெதுவாகிவிடுவதால் அதையும் நசுக்கிச் சாப்பிடலாம். அது எலும்புக்கு வேண்டிய கல்சியம். முள்ளை எடுத்து வீசுகிறவர்கள் காசு கொடுத்து வாங்கிய சத்தை வீசுகிறார்கள்.

சால்மன் குடும்பத்து மீன் ஒன்று நமது மலையிலும் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. அதுதான் ட்ரவுட். 1880களில் வெள்ளைக்காரத் துரைமார் தூண்டில் போட்டுப் பொழுதுபோக்குவதற்காக அந்த மீனை நுவரெலியாப் பக்கத்து ஓடைகளுக்குக் கொண்டுவந்து விட்டார்கள். அதில் வானவில் ட்ரவுட் என்னும் வகை ஹோர்ட்டன் சமவெளி ஓடைகளில் தானாகவே பெருகி இன்றைக்கும் இருக்கிறது. அது தேசியப் பூங்கா. அங்கே போய் மீன் பிடிக்கக் கூடாது. தெரிந்துகொள்வதற்காகச் சொன்னேன்.

ஒலிவுக்குப் பதில் வெரலிக்காய்

ஒலிவ மரத்தைக் கோயிலுக்குப் போகும் கிறிஸ்தவ சகோதரர்கள் வேதத்தில் கேட்டிருப்பார்கள். முஸ்லிம் சகோதரர்கள் அதைச் சைத்தூன் என்பார்கள். மத்தியதரைக் கடலைச் சுற்றிய நாடுகளில் வளர்வது. பச்சையாக வாயில் வைக்க முடியாது, அவ்வளவு கசப்பு. உப்புத் தண்ணீரில் பல நாள் ஊறப் போட்டுத்தான் சாப்பிடுவார்கள்.

நம்மிடம் இருப்பது வெரலிக்காய். சிங்களத்தில் வெரலு. ஆங்கிலத்தில் இதற்கு சிலோன் ஒலிவ் என்றே பெயர். பார்ப்பதற்கு ஒலிவுக்காய் போல இருப்பதால் வந்த பெயர், சொந்தம் கிடையாது. ஒலிவு உவர்ப்பு, வெரலி புளிப்பு. ஆனால் கொழுப்பான மீனுக்கு மேலே புளிப்பாக ஏதாவது இருந்தால் கவிச்சி அடங்கும், நாக்குக்கு எடுப்பாக இருக்கும். ஒலிவு செய்கிற அந்த வேலையை வெரலி நன்றாகவே செய்கிறது. பட்டணத்தில் உப்பும் கொச்சிக்காய்த் தூளும் போட்டு விற்கும் அதே காய்தான். கிடைக்காத மாதத்தில் நெல்லிக்காயோ புளிப்பு மாங்காயோ போடலாம்.

தேவையான பொருட்கள் (ஆறு பேருக்கு)

செமன் டின் பெரியது (425 கிராம்) 1
பழுத்த வெரலிக்காய் 10 முதல் 12
மல்லித்தழை ஒரு கைப்பிடி
புதினா அல்லது வல்லாரை அரைக் கைப்பிடி
கறிவேப்பிலை ஒரு கொத்து
வெள்ளைப்பூடு 4 பல்
சின்ன வெங்காயம் 6
பச்சைக் கொச்சிக்காய் 2
மிளகுத்தூள் அரைத் தேக்கரண்டி
தேசிக்காய் 1
தேங்காய் எண்ணெய் 2 மேசைக்கரண்டி

உப்புப் போட வேண்டாம். டின்னில் ஏற்கனவே உப்பு இருக்கிறது. பிரசர் உள்ளவர்கள் டின் தண்ணீரை முழுக்க வடித்துவிட்டுச் சமைப்பது நல்லது.

செய்யும் முறை

முதலில் வெரலிக்காயைக் கழுவி, மூழ்கும் அளவு தண்ணீர் விட்டு, 15 அல்லது 20 நிமிடம் அவியுங்கள். கையால் அழுத்தினால் சதை வழுக்கி வரவேண்டும். ஆறவிட்டுக் கொட்டையை நீக்கி மசித்துக்கொள்ளுங்கள்.

வெள்ளைப்பூடு, வெங்காயம், கொச்சிக்காய் மூன்றையும் அம்மியில் ஒன்றிரண்டாக நசுக்குங்கள். மையாக அரைக்க வேண்டாம். மல்லித்தழையையும் புதினாவையும் பொடியாக அரிந்து அதோடு சேர்த்து, மிளகுத்தூள், மசித்த வெரலி, ஒரு கரண்டி எண்ணெய் விட்டுப் பிசையுங்கள். இதுதான் மேலே வைக்கும் மசியல்.

டின்னைத் திறந்து தண்ணீரை வடித்து, துண்டுகளை உடையாமல் எடுங்கள். தாச்சியில் மீதி எண்ணெயை விட்டுக் கறிவேப்பிலை போட்டு, துண்டுகளை ஒரே வரிசையாக அடுக்குங்கள். ஒவ்வொரு துண்டின் மேலும் மசியலைப் பரப்பி மூடி போடுங்கள். விறகை இழுத்துத் தணல் சூட்டில் 8 நிமிடம் வைத்தால் போதும். கிளறக் கூடாது. மீன் ஏற்கனவே வெந்தது. மசியலின் பச்சை வாசம் போய் ஆவி நன்றாக எழும்பினால் சரி.

இறக்கிய பிறகுதான் தேசிக்காய் பிழிய வேண்டும். அடுப்பில் இருக்கும்போது பிழிந்தால் சூட்டில் விற்றமின் சி குறைந்துவிடும். சோற்றுக்கும் நல்லது, ரொட்டிக்கும் நல்லது.

ஓட்டலில் வேலை செய்யும் தம்பிமாருக்கு ஒரு வார்த்தை: நிஜ சால்மனுக்கும் இதே மசியல் பொருந்தும். ஓரங்குலத் தடிப்பான துண்டை 200 பாகை சூட்டில் அவனில் 12 முதல் 15 நிமிடம் வைத்து, முள்ளுக்கரண்டியால் தொட்டால் சதை இதழ் இதழாகப் பிரிகிறதா என்று பாருங்கள்.

இலை பறிக்கும்போது கவனம்

வல்லாரையும் பொன்னாங்காணியும் கொழுந்து மலையில் தாராளமாக முளைக்கும். ஆனால் களைக்கொல்லியோ வேறு மருந்தோ அடிக்கிற மலையில் இலை பறிக்காதீர்கள். மருந்து அடித்தது கண்ணுக்குத் தெரியாது, கழுவினாலும் முழுக்கப் போகாது. லயத்துக்குப் பின்னால் நாலடி நிலத்தில் மல்லி, புதினா போட்டுக்கொள்ளுங்கள். பழைய பேசின் ஒன்றில் மண் நிரப்பினாலும் புதினா வரும்.

டின்னை வாங்கும்போது

மீனை டின்னில் போட்டு, காற்றுப் புகாமல் மூடி, நீராவி அழுத்தத்தில் 100 பாகைக்கும் மேலான சூட்டில் வேகவைக்கிறார்கள். கிருமி சாகும், வெளியிலிருந்து புதுக்கிருமி உள்ளே போக முடியாது. அதனால்தான் பிரிஜ் இல்லாமல் வருடக்கணக்கில் இருக்கிறது. இந்த வழியைப் பிரான்ஸ் நாட்டு அப்பேர் என்பவர் கண்ணாடிப் போத்தலில் செய்து காட்டி 1810ஆம் ஆண்டு புத்தகமாக வெளியிட்டார். அதே ஆண்டில் இங்கிலாந்தில் தகர டின்னுக்கும் உரிமை பதிவானது.

மூடி கெட்டியாக இருக்கும்வரைதான் இந்தப் பாதுகாப்பு. ஆகவே, வீங்கிய டின், கசிகிற டின், மடிப்பில் நசுங்கிய டின், துருப்பிடித்த டின் இவற்றை அரை விலைக்குக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். வீங்கிய டின்னை ருசி பார்க்கவும் கூடாது. அதில் உயிரையே எடுக்கும் நஞ்சு இருக்கலாம். வாங்கிவிட்டால் திறக்காமல் கடையிலேயே திருப்பிக் கொடுங்கள். மறுத்தால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லுங்கள். காலாவதித் திகதியையும் எஸ்.எல்.எஸ். முத்திரையையும் பார்த்து வாங்குங்கள். நிறையைப் பார்க்கும்போது தண்ணீரோடு சேர்த்த எடை, தண்ணீர் வடித்த எடை என்று இரண்டு இருக்கும். நமக்குக் கிடைக்கும் மீன் இரண்டாவதுதான்.

திறந்த டின்னை வைக்காதீர்கள்

பல வருடங்களுக்கு முன்னால் எங்கள் டிவிசனில் நடந்தது. ராத்திரி பாதி டின்னைச் சமைத்துவிட்டு, மீதியை டின்னோடு பலகையில் வைத்திருந்தார்கள். "குளிருதானே ஐயா, கெடாதுன்னு நெனச்சோம்" என்றார் அந்தத் தாய். காலையில் அதைச் சூடு காட்டி ரொட்டியோடு பிள்ளைகளுக்குக் கட்டிக் கொடுத்திருக்கிறார். பதினொரு மணிக்குள் இரண்டு பிள்ளைகளுக்கும் முகம் சிவந்து, அரிப்பு வந்து, வாந்தி எடுத்தது. கொழுந்து லொறியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். இரண்டு நாளில் குணமானார்கள். அந்தத் தாய் ஆஸ்பத்திரி வாசலில் தலையில் அடித்துக்கொண்டு அழுதது இன்னும் என் கண்ணுக்குள் இருக்கிறது.

அவர் அசட்டையான பெண் அல்ல. அவருக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். மெக்கரல் போன்ற மீன் திறந்து கிடந்தால் கிருமி அதில் ஹிஸ்டமின் என்ற பொருளை உண்டாக்கும். வாசம் மாறாமலே அது இருக்கலாம். எவ்வளவு கொதிக்கவைத்தாலும் அது அழியாது. நமது மலைக் குளிர் பிரிஜ்ஜின் குளிர் ஆகாது. பிரிஜ்ஜில் 5 பாகைக்குக் கீழே இருக்கும். நம் லயத்துக் குசினியில் அடுப்புச் சூடும் இருக்கிறது. அதனால் பிரிஜ் இல்லாத வீட்டில் திறந்த டின்னை அந்த வேளையே முடித்துவிடுங்கள். வீட்டில் ஆள் குறைவென்றால் 155 கிராம் சின்ன டின்னை வாங்குங்கள். அல்லது பக்கத்துக் காம்பராவோடு பங்கு போட்டுக்கொள்ளுங்கள்.

தேத்தண்ணி எப்போது?

மலையில் மூச்சு வாங்குகிறது, தலை சுற்றுகிறது, கொழுந்துக் கூடையைத் தூக்கினால் கண் இருட்டுகிறது என்று தாய்மார் சொல்வதைக் கேட்கிறேன். பல பேருக்குக் காரணம் இரத்தச்சோகை. மீனில் இருக்கிற இரும்புச்சத்து உடம்பில் சுலபமாகச் சேரும். தேசிக்காயும் நெல்லிக்காயும் கீரையிலும் பருப்பிலும் இருக்கிற இரும்பை உடம்பில் சேர்த்து வைக்கும். ஆனால் சாப்பிட்ட கையோடு தேத்தண்ணி குடித்தால் அதிலுள்ள துவர்ப்பு இரும்பைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது. சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள். கிளினிக்கில் தரும் இரும்பு மாத்திரையையும் தேத்தண்ணியோடு விழுங்காதீர்கள். ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு டின் மீனில் உப்பு அதிகம். அவர்களுக்குப் புது மீனை அவித்து முள் பார்த்து மசித்துக் கொடுங்கள்.

யார் தட்டில் எத்தனை துண்டு?

கடைசியாக ஒன்று. அன்றைய கூட்டத்தில் சமைத்து முடித்ததும் நான் ஒரு கேள்வி கேட்டேன். "டின்னில் ஐந்தாறு துண்டு இருக்கிறது. வீட்டில் ஆறு பேர். உங்கள் தட்டில் எத்தனை துண்டு விழுகிறது?" கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஒரு அக்கா சொன்னார்: "ஆம்பளைக்கு ரெண்டு, புள்ளைகளுக்கு ஒவ்வொண்ணு, மாமியாருக்கு ஒண்ணு. எனக்குக் கொழம்பு போதும் ஐயா." பலர் தலையை ஆட்டினார்கள்.

காலையிலிருந்து மலையில் நிற்கிறவர் அவர். வயிற்றில் பிள்ளை சுமக்கிறவரும், பால் கொடுக்கிறவரும் அவர்தான். வீட்டில் இரத்தம் அதிகம் வேண்டியவருக்குக் கிடைப்பது குழம்புத் தண்ணீர்.

இந்தச் சமையலில் குழம்பு இல்லை. துண்டு துண்டாகத்தான் பரிமாற முடியும். ஆகையால் ஆண்களிடம் நான் கேட்பது: அடுத்த சம்பளத்துக்கு டின் வாங்கி வருகிற அன்றைக்கு, சமைத்தவரையும் கூட உட்கார வைத்துச் சாப்பிடுங்கள். அவர் தட்டில் ஒரு துண்டு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, நீங்கள் முதல் வாய் எடுங்கள்.

சமைத்துப் பார்த்தவர்கள் அடுத்த தாய்மார் கூட்டத்துக்கு வந்து எப்படி இருந்தது என்று சொல்லுங்கள். குறை இருந்தாலும் சொல்லுங்கள்.

உங்கள் நலன்புரி உத்தியோகத்தர்