கடலில் கலந்த கோப்பி



காலையில் வேலைக்குப் புறப்படுமுன் ஒரு குவளை கோப்பி. திரும்பி வந்ததும் ஒரு குவளை தேநீர். குடித்ததும் அயர்வு நீங்குகிறதல்லவா? அதற்குக் காரணம், கோப்பியிலும் தேயிலையிலும் இயற்கையாகவே அமைந்துள்ள காஃபீன் என்னும் பொருள். கோலா பானங்களிலும் சிலவகைத் தலைவலி மாத்திரைகளிலும்கூட அது உண்டு.

குடித்த காஃபீன் பிறகு எங்கே போகிறது? பெரும்பகுதியை நமது கல்லீரல் வேறு பொருள்களாக மாற்றிவிடுகிறது. நூற்றில் ஏறக்குறைய 3 பங்கோ அதற்கும் குறைவோ மாறாமல் சிறுநீரோடு வெளியேறுகிறது. அது கழிவுநீரில் கலந்து, ஆற்றை அடைந்து, முடிவில் கடலுக்கும் போய்ச் சேருகிறது.

அமெரிக்காவின் மேற்குக் கரையில் ஓரிகன் என்றொரு மாநிலம் உண்டு. அது கோப்பி விளையும் நாடன்று. ஆயினும் அங்குள்ள கடல்நீரில் காஃபீன் கலந்திருப்பதை ஆய்வாளர்கள் கண்டறிந்து 2012ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். அளவு மிகச் சொற்பம்தான். ஒரு குவளைக் கோப்பியின் காஃபீனைச் சுமார் 18 லட்சம் லிட்டர் நீரில் கரைத்தால் எவ்வளவோ, அவ்வளவே கடலில் அவர்கள் கண்ட உயர்ந்த அளவு.

வியப்பு என்னவென்றால், மக்கள் நெருங்கி வாழும் பட்டணங்களின் அருகே அளவு குறைவாக இருந்தது. ஆள் நடமாட்டம் குறைந்த கடற்கரைப் பூங்காக்களின் அருகே அதிகமாக இருந்தது. புயல் மழைக்குப் பின்னும் கூடியிருந்தது. இது எப்படி?

பட்டணத்துக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது. அங்கே காஃபீனில் பெரும்பகுதி அழிந்துவிடும். ஒதுக்குப்புறமான இடங்களிலோ மலத்தொட்டிகளே உண்டு. ஆகவே அவற்றின் கசிவே காரணமாக இருக்கலாம் என ஆய்வாளர்கள் கருதினார்கள்.

மலத்தொட்டியில் கசடு அடியில் தங்கும். மேல்நீர் மண்ணுக்குள் இறங்கும். மண் அதை வடிகட்டும். தொட்டி நிரம்பினால் கசடும் சேர்ந்து வெளியேறும். பெருமழையில் மண் ஊறிப்போனால் வடிகட்டும் வேலை நின்றுவிடும். அழுக்கு நீர் அப்படியே ஓடையை நாடும்.

நேயர்களே, கடற்சிப்பிகளைக் காஃபீன் கலந்த நீரில் வைத்துச் சோதித்தபோது, உடல் நெருக்கடியில் உண்டாகும் ஒரு புரதத்தின் அளவு மாறியது. ஆனால் நமக்கு அதைவிட முக்கியமான செய்தி ஒன்றுண்டு. ஆற்றில் கிருமி கண்டால், மாட்டுச் சாணத்திலிருந்து வந்ததோ என்று ஐயுறலாம். மாடு கோப்பி குடிப்பதில்லையே! கோப்பியும் தேயிலையும் விளையாத இடத்து நீரில் காஃபீன் இருந்தால், அது மனிதக் கழிவு கலந்திருக்கலாம் என்பதற்குச் சாட்சி. காஃபீன் வந்த வழியே வயிற்றுப்போக்குக் கிருமிகளும் வரக்கூடும். அந்த ஓடையில்தான் நம் பிள்ளைகள் குளிக்கிறார்கள், மீன் பிடிக்கிறார்கள்.

இது ஓரிகனோடு நிற்கும் செய்தியன்று. 104 நாடுகளின் ஆறுகளைச் சோதித்து 2022இல் வெளியான ஆய்வில், பாதிக்கும் மேற்பட்ட இடங்களில் காஃபீன் காணப்பட்டது.

இதற்காகக் கோப்பியை விட்டுவிட வேண்டியதில்லை. மலத்தொட்டியைக் கவனித்தால் போதும். துணி, பிளாஸ்டிக், சமையல் எண்ணெய் ஆகியவற்றை அதில் போடாதீர்கள். தொட்டியைச் சுற்றி ஈரமும் துர்நாற்றமும் தெரிந்தால், நாலு குடும்பத்தார் சேர்ந்து நிர்வாகத்திடம் சொல்லுங்கள். தொழிற்சங்கப் பிரதிநிதியையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். காலம் தவறாமல் கசடை அகற்றச் செய்யுங்கள். நம் வீட்டுத் தொட்டி சீராக இருந்தால், ஓடையும் தூய்மை பெறும். ஓடை சேரும் கடலும் தூய்மை பெறும்.